பேரிஜம் ஏரிக்கு அம்மாவைக் கூட்டிப்போன அரை நாள்

கனடாவின் கால்கரியிலிருந்து ஆகஸ்டில் ஊருக்கு வந்திருந்தோம். நான், கணவர், 13 வயதுப் பையன், 9 வயது மகள். ஊர் என்றால் பெரியகுளம். இருந்த ஐந்து வாரமும் காதுகுத்து, வங்கி வேலை, ஆதார் வேலை, யார் யார் வீட்டுக்கோ சாப்பாட்டுக்குப் போவது என்று ஓடிவிட்டது. எனக்கென்று நான் கேட்டது ஒரே ஒரு நாள்தான். அம்மாவைப் பேரிஜம் ஏரிக்குக் கூட்டிப் போகவேண்டும்.

பெரியகுளத்தில் வளர்ந்தவர்களுக்குப் பேரிஜம் என்றால் முதலில் குழாய்த் தண்ணீர்தான். கொடைக்கானல் மலைமேல் இருக்கும் அந்த ஏரியிலிருந்துதான் எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் வருகிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோடையில் குழாயடியில் குடம் வரிசையாக நிற்கும், யாராவது ஒருவர் "பேரிஜத்துல திறந்துட்டாங்களாம், நாளைக்கு வந்துரும்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள், மறுநாள் விடியக்காலை குழாயில் முதலில் காற்று சீறும், அப்புறம் தண்ணீர் விழும். அம்மா முதல் குடத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு இரண்டாவது குடத்திலிருந்துதான் சமையலுக்கு எடுப்பார். அவருக்கு இப்போது 74 வயது. கொடைக்கானலுக்கு இரண்டு முறை போயிருக்கிறார், கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா எல்லாம் பார்த்திருக்கிறார். ஆனால் வாழ்நாள் முழுக்கக் குடித்த தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்ததில்லை. நானும்தான்.

இனி ஏற்பாட்டுக் கதை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கால்கரியில் இருந்தபடியே ஒரு ஏஜென்ட்டிடம் போனில் பேசி 3,000 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டேன். பேரிஜம், மன்னவனூர் ஏரி, கொடைக்கானல் ஏரி மூன்றும் அரை நாளில் என்று சொன்னார்கள். நானும் மேப்பைப் பார்க்காமல் நம்பினேன். கிளம்புவதற்கு முதல் நாள் மாலை போன் வருகிறது, பேரிஜத்துக்குப் போக வனத்துறை தரும் பாஸ் கிடைக்கவில்லை, அதற்குப் பதில் வேறு ஐந்து இடம் காட்டுகிறோம் என்று. அந்த ஒரு இடத்துக்காகத்தான் வருகிறோம் என்று பணம் அனுப்பும்போதே சொல்லியிருந்தேன். பாஸுக்கு முயற்சி எடுத்தார்களா என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. ரத்து செய்துவிட்டேன், பணம் திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று, அதிலும் 500 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். பணத்தைவிட அம்மாவிடம் போய் "நாளைக்கு இல்லைம்மா" என்று சொல்லவேண்டி வந்ததுதான் எனக்குக் கோபம். அவர் அதற்குள் கூஜாவைத் துலக்கி வைத்துவிட்டார்.

சரி, எப்படியும் மேலே போவோம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணன் காரிலேயே ஏறிவிட்டோம். கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டி எதுவாக இருந்தாலும் இ-பாஸ் வேண்டும், உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அண்ணன் போனில் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். இந்திய எண் இல்லாதவர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிந்துகொள்ளலாம். கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உச்சவரம்பும் வைக்கிறார்கள், 2025 சீசனில் வார நாளில் 4,000, சனி ஞாயிறில் 6,000. ஆகஸ்டில் எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கும்பக்கரை, அடுக்கம் வழியாக ஏறினால் பெரியகுளத்திலிருந்து தூரம் குறைவு, ஆனால் மழை பெய்தால் அந்தப் பாதையில் மண் சரியும். அதனால் தேவதானப்பட்டி, காட்ரோடு வழியாகவே போனோம். டம்டம் பாறையில் நிறுத்தி எலிவால் அருவியைப் பார்த்தோம், 297 மீட்டர் உயரம், எதிர் மலையில் வெள்ளை நூல் தொங்குவது போல இருக்கும். கீழே மஞ்சளாறு அணை. மலைமேல் எங்களை இறக்கிவிட்டு அண்ணன் அன்றே திரும்பிவிட்டார்.

தங்கிய விடுதியில் மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளூர் டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டார். முப்பது வயது இருக்கும், அவருடைய அப்பாவும் இதே மலையில் வண்டி ஓட்டியவராம். முதல் பேச்சிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. "அக்கா, மன்னவனூர் வேற ரோடு, பூம்பாறை தாண்டிப் போகணும், முப்பத்தஞ்சு கிலோமீட்டர். பேரிஜம் இந்தப் பக்கம். அரை நாள்ல ரெண்டும் ஆகாது. பேரிஜம் மட்டும் பார்த்துட்டு வரப்ப டவுன் ஏரியில பிள்ளைகளுக்குப் படகு. அவ்வளவுதான் முடியும்" என்றார். அவருடைய சம்பளமும் வண்டி வாடகையும் சேர்த்து 2,800 ரூபாய் பேசினோம், வனத்துறைக்குக் கட்டுகிற பாஸ் பணம் தனி. காலையில் அவரே போய்ப் பாஸ் வாங்கி வந்தார். யானை நடமாட்டம் இருந்தால் பாஸ் தரமாட்டார்கள், எத்தனை நாள் ஆனாலும் பாதை அடைத்தே இருக்கும், அதனால் எவ்வளவு முன்கூட்டித் திட்டம் போட்டாலும் அன்றைய நிலவரம்தான் என்று அவர் முன்பே சொல்லிவிட்டார். இந்த ஒரு வரியை அந்த ஏஜென்ட்டும் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

வண்டி எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருப்பது எனக்கு வருத்தமே இல்லை. எங்கள் பக்கம் பான்ஃப் பூங்காவில் மொரெய்ன் ஏரிக்கு 2023 முதல் சொந்தக் காரில் போகவே முடியாது, பஸ்ஸில் இடம் பதிந்துதான் போகவேண்டும். முதல் வருடம் எல்லோரும் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டது. குடிதண்ணீர் ஏரிக்கு இன்னும் கெடுபிடி இருந்தாலும் நியாயம்தான்.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். மோயர் பாயிண்ட் பக்கத்துச் சோதனைச் சாவடியில் வண்டியைப் பார்க்கிறார்கள், பிளாஸ்டிக் பாட்டில், மது எதுவும் உள்ளே போகக்கூடாது. அம்மாவின் எவர்சில்வர் கூஜா அன்றைக்குத்தான் எல்லோருக்கும் பயன்பட்டது. சாப்பாட்டையும் கட்டிக்கொண்டே போங்கள் என்று டிரைவர் தம்பி சொல்லியிருந்ததால் விடுதியிலேயே இட்லியும் பொடியும் வாழை இலையில் மடித்து வாங்கியிருந்தோம்.

டவுனிலிருந்து ஏரிக்கு இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் மெதுவாகத்தான் போகமுடியும். நிறுத்த அனுமதி உள்ள இடங்களில் மட்டும் நிறுத்தினார். தொப்பிதூக்கிப் பாறையில் காற்று கீழிருந்து மேலே அடிக்கிறது, மகள் தன் துணித்தொப்பியைப் பள்ளத்துக்குள் விட, அது நிஜமாகவே திரும்பி மேலே வந்து அவள் தோளில் பட்டு விழுந்தது. அமைதிப் பள்ளத்தாக்கில் பத்து நிமிடம் வெள்ளையாக மூடியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. கிளம்பலாம் என்று திரும்பும்போது "இருங்க அக்கா" என்று கை காட்டினார். பனிமூட்டம் ஒரு பக்கமாக விலகி அடியில் கருப்பச்சையாகச் சோலைக்காடு மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் மூடிக்கொண்டது.

மதிகெட்டான் சோலை பக்கம் வரும்போது வண்டியை இன்னும் மெதுவாக்கிக் காட்டைப் பற்றிச் சொன்னார். உள்ளே போனால் திசை தெரியாமல் புத்தி பேதலித்துவிடும் என்பதால் அந்தப் பெயர். சோலை என்பது மலை இடுக்குகளில் குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும் காடு, மரமெல்லாம் பாசி, அடியில் இலைச் சருகு மெத்தை மாதிரி. அதைச் சுற்றிப் புல்வெளி. மழையை இந்த இரண்டும் சேர்ந்து பிடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓடையாக விடும், மழை நின்ற பிறகும் மலையில் தண்ணீர் ஓடுவது அதனால்தான். பிறகு சாலைக்கு மறுபக்கம் கையைக் காட்டினார், ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரங்கள், வரிசையாகப் பைன். கொடைக்கானல் பைன் காட்டை 1906ல் பிரையண்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி நட ஆரம்பித்தார், டவுனில் இருக்கும் பூங்காவுக்கும் அவர் பெயர்தான். எல்லோரும் அதில் நின்றுதான் போட்டோ எடுக்கிறார்கள். "பார்க்க அழகா இருக்கும் அக்கா, ஆனா புல்வெளியைத் தின்னுருச்சு. அடியில ஒண்ணும் முளைக்காது" என்றார். பள்ளிக்கூடத்தில் எனக்கு இதை யாரும் சொல்லித்தந்ததில்லை. என் குடத்துத் தண்ணீருக்கும் அந்தப் பாசி படர்ந்த மரத்துக்கும் தொடர்பு இருப்பதை ஒரு டிரைவர் அரை மணி நேரத்தில் புரியவைத்துவிட்டார். இப்படிச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு வழிகாட்டி என்றே தனிச் சம்பளம் கொடுக்கவேண்டும், வண்டி வாடகையோடு சேர்த்துப் பேரம் பேசக்கூடாது. நாங்கள் முடிவில் 700 சேர்த்துக் கொடுத்தோம்.

ஒரு வளைவில் காட்டுமாடு ஒன்று நின்றது. தனி ஆண். பத்தடி தூரம்கூட இருக்காது. கருத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்டது போல. ஹாரன் அடிக்காமல் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். கண்ணாடியை இறக்கவேண்டாம் என்று மட்டும் சொன்னார். அது எங்களைப் பார்த்துக்கொண்டே மென்றுகொண்டிருந்தது, மூக்கிலிருந்து ஆவி வந்தது, அப்புறம் மெல்ல இறங்கிப் போயிற்று. பையன் இத்தனை நேரம் போனைக் கீழே வைத்திருந்தது அந்தப் பயணத்தில் அப்போதுதான்.

ஏரி திடீரென்று வந்தது. மேலே ஒரு வளைவிலிருந்து முதலில் பார்த்தோம், காட்டுக்கு நடுவில் நீளமாக, கிளை கிளையாக உள்ளே போகிற தண்ணீர், கரையில் ஒரு கடையும் கிடையாது, ஒரு படகும் கிடையாது. 1864ல் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி இங்கே வந்தபோது இது சதுப்பு நிலம், அவர் பெயரில்தான் இந்த இடத்தை ஃபோர்ட் ஹாமில்டன் என்றார்கள், பெயரில்தான் கோட்டை. பின்னால் கரை கட்டி மதகு வைத்துத்தான் ஏரியாயிற்று.

அம்மாவுக்கு முழங்கால் வலி. வண்டி நிற்கிற இடத்திலிருந்து கொஞ்சம் நடக்கவேண்டும், ஒரு கையை நானும் ஒரு கையை டிரைவர் தம்பியும் பிடித்துக்கொண்டோம். "அம்மா, அவசரமே இல்ல, நாலு எட்டு வச்சு நின்னுக்கங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கவனிக்கவேண்டியது, கழிப்பறை வேலையை டவுனிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள், ஒரு மடக்கு ஸ்டூல் எடுத்துப் போங்கள். ஆகஸ்டிலும் நல்ல குளிர், அம்மா இரண்டு சால்வை போர்த்தியிருந்தார்.

கரையில் நின்று அம்மா கேட்ட முதல் கேள்வி, "நம்ம ஊரு எந்தப் பக்கம் தம்பி?" அவர் தென்கிழக்கே மலை இறங்குகிற பக்கம் கையைக் காட்டினார். நேராகப் பார்த்தால் இருபது கிலோமீட்டர்கூட இல்லை, நாங்கள் சுற்றி வந்தது தொண்ணூறுக்குப் பக்கம். தண்ணீர் மட்டும் நேர்வழியில் இறங்குகிறது. அம்மா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீரைப் பார்த்து, "நிறைஞ்சுதான் இருக்கு. இந்த வருஷம் கஷ்டம் இருக்காது" என்றார். பக்கத்து வீட்டுக் குழாயடிக்காரரிடம் பேசுகிற அதே குரல்.

ஓரத்தில் தண்ணீர் தேயிலை வடித்தது போல லேசான பழுப்பு, ஆனால் அடியில் கிடக்கிற கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிற அளவுக்குத் தெளிவு. காலை நனைக்கப் போன மகளை நான் தடுத்தேன். "அம்மாச்சி வீட்டுக் குழாய்ல வர்றது இதுவா?" என்று கேட்டாள். இதுதான் என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டடி பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

திரும்பும் வழியில் பேரிக்காய் வாங்கினோம், ஒரு மணிக்கு முன்பே டவுன் ஏரிக்கு வந்துவிட்டோம். 1863ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உண்டாக்கிய ஏரி, சுற்றி வர ஐந்து கிலோமீட்டர். படகுக்குக் கூட்டம் இல்லை, பிள்ளைகள் அரை மணி நேரம் மிதித்தார்கள். சொல்ல வேறொன்றும் இல்லை, சத்தம் அதிகம், பஜ்ஜி சூடாக இருந்தது. மன்னவனூருக்குத் தனியாக ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்று டிரைவர் தம்பி சொன்னார், அடுத்த முறை அவரையேதான் கூப்பிடுவோம்.

அம்மா படகுக்கு வரவில்லை, வண்டியிலேயே கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பார்த்தபோது கூஜாவின் மூடியில் தண்ணீர் ஊற்றி டிரைவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். "வீட்டுல இருந்து கொண்டாந்தது தம்பி, குடிங்க, உங்க மலைத் தண்ணிதான்."