பழைய பைக்கில் கியர் விழாதபோது: கிளட்ச்சா, கியர் பெட்டியா?

பல ஆண்டுகளாக நான் ஓட்டிவருவது கார்புரேட்டர் காலத்து வண்டி. ஒற்றை சிலிண்டர், ஐந்து கியர், ஆயிலில் நனைந்தபடி இயங்கும் கிளட்ச். இதன் இன்ஜினைப் பற்றிச் சொல்லக் குறையேதும் இல்லை. ஆனால் கியர் மாற்றத்தில் இரண்டு முறை நீண்ட தொல்லை கொடுத்தது. முதல் முறை காரணம் கிளட்ச். இரண்டாம் முறை கியர் பெட்டியேதான். ஓட்டுபவரின் காலுக்கு இரண்டுமே 'கியர் சரியாக விழவில்லை' என்ற ஒரே புகாராகத்தான் தெரிகின்றன என்பதால், எதைப் பிரிப்பது என்று முடிவெடுக்கும் முன் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டிய சோதனைகளையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

முதல் தொல்லை மெல்லத்தான் தொடங்கியது. சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் கிடைக்காது. முதல் கியரிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து முதலுக்குமாக லீவர் தாவுமே தவிர நடுவில் நிற்காது. இன்ஜின் சூடாக ஆக இது மோசமானது. நான் அணுகிய மெக்கானிக் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், கியர் பெட்டி தேய்ந்துவிட்டது, முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டும் என்றார். அதே சிக்னலில் இன்ஜினை அணைத்த அடுத்த நொடி நியூட்ரல் மிருதுவாக விழுந்ததை நான் கவனித்திருந்ததால், அந்த முடிவை ஏற்க மனம் வரவில்லை.

இன்ஜின் ஓடும்போது விழாத நியூட்ரல், அணைத்ததும் விழுகிறது என்றால் கியர் பெட்டிக்குள் எதுவும் வளைந்தோ உடைந்தோ இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பைக்கின் கியர் பெட்டியில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தே சுழல்கின்றன. கியர் மாறும்போது நகர்வது அவற்றின் பக்கவாட்டில் உள்ள முட்டுப் பற்கள்தான். டாக் எனப்படும் அந்தப் பற்கள் ஒரு சக்கரத்திலிருந்து விலகி அடுத்த சக்கரத்தைப் பற்ற வேண்டுமானால், அந்த நேரத்தில் அவற்றின் மீது விசை இருக்கக் கூடாது. இன்ஜினின் விசையைக் கியர் பெட்டியிலிருந்து பிரித்துவிட வேண்டிய கிளட்ச் முழுமையாக விடுபடாமல் சிறிதளவு இழுத்துக்கொண்டே இருந்தால், டாக் பற்கள் அழுத்தத்தில் இறுகிவிடுகின்றன. காலால் எவ்வளவு தட்டினாலும் அவை எளிதில் விலகா.

இதை உறுதிப்படுத்த வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி இரண்டு சோதனைகள் செய்தேன். முதலாவது, இன்ஜினை அணைத்த நிலையில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே ஐந்து கியர்களையும் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குவது. சக்கரத்தைச் சுழற்றுவது அவசியம். நிற்கும் வண்டியில் டாக் பற்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டால் நல்ல கியர் பெட்டியிலும் கியர் விழாது, அதைக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. என் வண்டியில் ஐந்தும் தெளிவான சத்தத்தோடு விழுந்தன. இரண்டாவது, இன்ஜின் சூடாக ஓடும்போது கிளட்ச்சை முழுதாகப் பிடித்து முதல் கியர் போட்டு, பின்சக்கரம் எவ்வளவு வலுவாகச் சுழல்கிறது என்று பார்ப்பது. ஆயிலின் பிசுபிசுப்பால் சக்கரம் லேசாகச் சுழல்வது இயல்புதான். பின் பிரேக்கை மெல்லத் தொட்டால் அது நின்றுவிடும். என் வண்டியில் பிரேக் பிடித்தபோது இன்ஜினின் ஓட்டமே தாழ்ந்தது. கிளட்ச் விடுபடவில்லை என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

கவரைக் கழற்றுவதற்கு முன் வெளியில் பார்க்க வேண்டியவை சில உண்டு. கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருப்பது பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும் அளவு; உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. தளர்வு கூடினால் கிளட்ச் விடுபடாது, தளர்வே இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும். கேபிளின் உள்கம்பி ஓரிரு இழை பிரிந்திருந்தாலும், வெளியுறை வளைவில் நசுங்கியிருந்தாலும், நட்டைத் திருகி அளவைச் சரிசெய்வதில் பயன் இல்லை, கேபிளையே மாற்றிவிடலாம். கியர் லீவரின் பல்வரிசை தேய்ந்து ஷாஃப்ட்டின் மீது ஆடுகிறதா, ஐடிலிங் (ஆக்சிலேட்டரைத் திருகாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) அளவுக்கு மேல் இருக்கிறதா, செயின் ஓரிடத்தில் இறுக்கமாகவும் மற்றோரிடத்தில் தளர்வாகவும் ஓடுகிறதா என்பவற்றையும் பார்த்துவிட வேண்டும். ஐடிலிங் கூடியிருந்தால் எவ்வளவு நல்ல கிளட்ச்சாக இருந்தாலும் முதல் கியர் 'டொக்' என்றுதான் விழும்.

ஆயில் விஷயத்தில் எனக்குச் சற்றுப் பிடிவாதம் உண்டு. காருக்கான ஆயிலை இத்தகைய வண்டியில் ஊற்றுவதை நான் ஏற்பதில்லை. எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் பொருள்கள் அதில் பலவற்றில் சேர்க்கப்படுகின்றன, அவை கிளட்ச் பிளேட்டின் பிடிப்பைக் கெடுக்கும். டப்பாவில் ஜாசோ எனப்படும் ஜப்பானிய வாகனத் தர அளவீட்டின் எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறிப்பு இருக்க வேண்டும். எம்பி என்பது பெரும்பாலும் கிளட்ச் தனியாக உலர்ந்து இயங்கும் ஸ்கூட்டர்களுக்கானது. பழைய ஆயில் சூட்டில் நீர்த்துப்போகும்போது கியர் மாற்றம் முரடாவதையும் நான் தொடர்ந்து கவனித்திருக்கிறேன். புதிய ஆயில் ஊற்றியதும் சில நாள்களுக்குக் கியர் இனிமையாக விழுவதால் மூலக் கோளாறு மறைந்துபோனது போலத் தோன்றும்.

கேபிளையும் ஆயிலையும் மாற்றியபின் குறை பாதியாகக் குறைந்து, சில வாரங்களில் திரும்பவும் தலைகாட்டியது. ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, கிளட்ச் பக்கக் கவரைத் திறந்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. பிளேட்டுகளின் வெளிக்காதுகள் அமரும் கூடை போன்ற கிளட்ச் பாஸ்கெட்டின் ஒவ்வொரு விரலிலும், ஏணிப்படிகள் போல வரிசையாகத் தடங்கள் விழுந்திருந்தன. விரல் நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொரு தடத்திலும் நகம் சிக்கி நின்றது. லீவரைப் பிடித்ததும் விலக வேண்டிய பிளேட்டுகள் இந்தத் தடங்களில் மாட்டிக்கொண்டு ஒட்டியபடியே சுழன்றிருக்கின்றன. ஸ்டீல் பிளேட்டுகளைக் கண்ணாடியின் மீது வைத்து இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்ததில், ஒன்றின் வளைவு கையேட்டின் எல்லையைத் தாண்டியிருந்தது. சூடானதும் குறை கூடியதற்கு வளைந்த அந்தப் பிளேட்டும் ஒரு காரணம். தடங்கள் ஆழமில்லாததால் மெல்லிய அரத்தால் சமப்படுத்தி, புதிய பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்துப் போட்டபின் நியூட்ரல் ஒரே தட்டில் விழத் தொடங்கியது.

அதே கவருக்குள்ளேயே கியர் ஷாஃப்ட்டின் ரிட்டர்ன் ஸ்பிரிங்கும், நட்சத்திர வடிவத் தகடும், அதன் பள்ளத்தில் அமர்ந்து விழுந்த கியரை நிலையில் நிறுத்தும் உருளைக் கையும் இருக்கின்றன. மிதித்த லீவர் தானாக நடுநிலைக்குத் திரும்பாவிட்டால் ரிட்டர்ன் ஸ்பிரிங்கை அல்லது அதைத் தாங்கும் போல்ட்டைச் சந்தேகிக்கலாம். எந்தக் கியரும் உறுதியாக நிற்காமல் இடையிடையே போலி நியூட்ரல் (இரு கியர்களுக்கு நடுவே எதுவும் பற்றாத நிலை) கிடைத்தால் உருளைக் கையின் ஸ்பிரிங் தளர்ந்தோ உடைந்தோ இருக்கலாம். என் வண்டி போன்ற அமைப்பில் இவற்றுக்காக இன்ஜினை இரண்டாகப் பிரிக்கத் தேவையில்லை.

இரண்டாவது தொல்லை அப்படிப்பட்டதல்ல. சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முறுக்கும்போது மட்டும் கியர் கழன்று இன்ஜின் அலறத் தொடங்கியது. கிளட்ச் வழுக்கினாலும் இன்ஜின் இப்படித்தான் வேகமெடுக்கும். ஆனால் வழுக்கல் பெரும்பாலும் மேல் கியர்களில்தான் முதலில் தெரியும், லீவரும் அசையாது. இங்கோ ஒவ்வொரு முறையும் ஒரு தட்டல் சத்தத்தோடு லீவர் என் காலணியை உதைத்தது. குறை எல்லாக் கியர்களிலும் இருந்திருந்தால் உருளைக் கையை முதலில் பார்த்திருப்பேன். ஒரே ஒரு கியரில் மட்டும் என்றால் அந்தக் கியரின் டாக் பற்களும் சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தும் கவை போன்ற ஃபோர்க்கும்தான் குற்றவாளிகள்.

இம்முறை இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டியிருந்தது. டாக் பற்களின் முகம் உட்புறமாகச் சற்றுச் சரித்து வெட்டப்பட்டிருக்கும். அதனால் விசை கூடக்கூட இரு சக்கரங்களும் ஒன்றையொன்று உள்ளிழுத்துக்கொள்ளும். அந்த விளிம்புகள் மழுங்கி உருண்டுவிட்டால் அதே விசை அவற்றை வெளியே தள்ளும். என் வண்டியின் இரண்டாவது கியரில் விளிம்புகள் பளபளவென உருண்டிருந்தன; ஃபோர்க்கின் நுனி ஒரு பக்கம் மெலிந்து, உராய்வுச் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. ஓட்டும்போது லீவரின் மீது காலை ஊன்றியே வைத்திருப்பவர்களின் வண்டியில் ஃபோர்க் விரைவில் தேய்வது இந்த உராய்வால்தான். பற்றும் சக்கரம், பற்றப்படும் சக்கரம் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றினால் மழுங்கிய பழைய பல் புதியதையும் கெடுத்துவிடும். மூடுவதற்கு முன் ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றி எல்லாக் கியர்களும் விழுகின்றனவா என்று பார்த்துக்கொண்டோம்.

இப்போது ஐந்து கியர்களும் ஒழுங்காக விழுகின்றன. ஆயில் மாற்றும்போது வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டுப் பார்த்தால் மாவு போன்ற சாம்பல் நிறப் படிவைத் தவிரச் சில்லுகள் எதுவும் ஒட்டுவதில்லை. பாஸ்கெட்டில் மட்டும் மீண்டும் தடம் விழத் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அதை இன்னொரு முறை அரத்தால் தேய்த்தால் பிளேட்டுகளின் இடைவெளி கூடிச் சத்தம் வரும். அடுத்த முறை கவரைக் கழற்றும்போது புதிய பாஸ்கெட் போடுவதாக இருக்கிறேன்.