சிம் போட இடமில்லாத போனோடு கும்பகோணத்தில்

இந்த நவம்பரில் ஊருக்குப் போய்வந்ததில் ரோடு, ரயில், கரண்ட் எதையும் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. பாடாய்ப்படுத்தியது நான் டாலஸிலிருந்து கொண்டுபோன ஐபோனும், முன்பு ஒரு பயணத்தில் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த ஐபேடும்தான். இரண்டும் பழுதில்லை, அது அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. ஆனால் அவற்றின் ஓஎஸ்ஸை, அதாவது அவற்றை இயக்கும் மென்பொருளை, எழுதியவர்கள் மனதில் ஒரு ஆள் இருக்கிறான்: ஒரே நாட்டில் குடியிருப்பவன், ஒரே நம்பர் வைத்திருப்பவன், வீட்டில் தலைக்கு ஒரு ஐபேட் வாங்கக்கூடியவன். நம் ஊர் பேங்க் ஆப்களை எழுதியவர்கள் மனதிலும் ஒருவன் உண்டு. அவன் கையில் ஆண்ட்ராய்டு, அதில் சிம், அந்தச் சிம்மில் பேங்கில் கொடுத்த நம்பர். பாதி அங்கே, பாதி இங்கே என்று இருக்கிற ஆளை யாரும் நினைத்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

முதல் கோளாறு சிம்மில் ஆரம்பித்தது. 2022-இல் வந்த ஐபோன் 14-இலிருந்து அமெரிக்காவில் விற்கும் மாடல்களில் சிம் ட்ரேயே கிடையாது, எல்லாம் போனுக்குள்ளேயே பதிந்திருக்கிற இ-சிம்தான். அதே போன் இந்தியக் கடையில் ட்ரேயோடு கிடைக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பெரும்பாலானவை அந்த ஜூன் காலாண்டில் இந்தியாவில் செய்தவையாக இருக்கும் என்று டிம் குக்கே 2025 மே மாதம் சொன்னார். ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் நம் பிள்ளைகள் பூட்டி அனுப்புகிற போனாகவே இருக்கலாம், அதைத் திரும்பத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தால் நம் ஊர் சிம்மைச் சொருக இடமில்லை.

வெளிநாட்டில் இருக்கிற நம்மில் பலர் செய்கிற மாதிரி நானும் பழைய இந்திய நம்பரை மாதாமாதம் ரீசார்ஜ் பண்ணி உயிரோடு வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கான என்ஆர்ஓ பேங்க் கணக்குக்கு ஓடிபி வருவது அதில்தான். அதை இ-சிம்மாக மாற்ற, அந்தச் சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். சிம்மைப் போடத்தான் இடமில்லையே! அப்பாவின் ஆண்ட்ராய்டைத் திறந்து, அவர் சிம்முக்குப் பக்கத்தில் என் சிம்மைச் சொருகி, அதிலிருந்து அனுப்பினேன். பாதியில் நின்றுவிட்டது. சிம் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனால் அங்கிருந்த பையன், "சார், சர்வர் ஸ்லோ, சாப்பிட்டுட்டு வாங்க" என்றான். சாப்பிட்டுவிட்டு வந்தேன். க்யூஆர் கோடு மெயிலில் வந்தது. அதை ஸ்கேன் பண்ண இன்னொரு போன் வேண்டும் என்றான் அவன். அது பழைய கதை, ஐபோனின் ஓஎஸ்ஸான ஐஓஎஸ்ஸில் 17.4-இலிருந்து திரையில் இருக்கிற கோடை அழுத்திப் பிடித்தாலே இ-சிம் ஏறிக்கொள்ளும். செய்து காட்டினேன், அவனும் தன் போனில் குறித்துக்கொண்டான்.

டவர் வந்தது, பேச முடிந்தது, எஸ்எம்எஸ் மட்டும் வரவில்லை. இது கம்பெனியின் தவறு இல்லை. நம் பெயரில் வேறு யாராவது சிம் மாற்றிப் பேங்க் பணத்தைச் சுருட்டிவிடக் கூடாது என்பதற்காக, சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வரவும் கூடாது, போகவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை விதி வைத்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் எஸ்எம்எஸ் இல்லாமல் பேங்க் கிடையாது, பேங்க் இல்லாமல் ஜீபே கிடையாது. ஜீபே இல்லாவிட்டால் காய்கறிக்காரம்மாவிடம் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு, "சில்லறை இல்லண்ணே, ஜீபே பண்ணிருங்களேன்" என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஜீபே மாதிரி ஆப்களுக்கு அடியில் ஓடும், 2016-இல் தொடங்கிய யூபிஐயில் 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கு மேல் பரிவர்த்தனை நடந்திருக்கிறது. சில்லறை வைத்திருக்கிற பழக்கமே கடைக்காரர்களுக்கு விட்டுப்போய்விட்டது.

மறுநாள் எஸ்எம்எஸ் வர ஆரம்பித்தது. இப்போது பேங்க் ஆப். என் ஆப்பிள் கணக்கு அமெரிக்காவுடையது, ஆப் ஸ்டோரும் அமெரிக்காவுடையது. நான் கணக்கு வைத்திருக்கிற பேங்க் தன் ஆப்பை இந்திய ஸ்டோரில் மட்டும் வைத்திருக்கிறது. நாட்டை மாற்றலாமே என்றால், அதற்கு முன் கணக்கில் மிச்சமிருக்கிற காசைச் செலவழித்துத் தீர்க்க வேண்டும், சந்தாக்களை ரத்து செய்து அவை முடியும்வரை காத்திருக்க வேண்டும், புது நாட்டில் செல்லுபடியாகும் கார்டு கொடுக்க வேண்டும். குடும்பப் பகிர்வில் உறுப்பினராக இருந்தால் மாற்றவே விடாமலும் போகலாம். ஒரு பேங்க் ஆப்புக்காக யார் இதெல்லாம் செய்வது? குறுக்கு வழி ஒன்று உண்டு. இந்திய முகவரியில் புதிதாக ஒரு ஆப்பிள் கணக்கு தொடங்கி, செட்டிங்ஸில் மீடியா, பர்ச்சேஸ் பகுதிக்கு மட்டும் அதை வைத்து உள்ளே போகலாம். போட்டோ, காண்டாக்ட் எல்லாம் பழைய கணக்கிலேயே இருக்கும். அப்படித்தான் இறக்கினேன். ஆண்ட்ராய்டாக இருந்தால் ஒரே ஸ்டோர் ஆப்பில் இரண்டு நாட்டுக்கு இரண்டு கணக்கைச் சேர்த்துக்கொண்டு, தேவைப்படும்போது மாறிக்கொள்ளலாம்.

ஆனாலும் யூபிஐயைச் சேர்க்கும்போது நடந்ததுதான் இந்தப் பயணத்தின் உச்சம். யூபிஐ ஆப், நம்பர் இந்தப் போனில்தான் இருக்கிறதா என்று பார்க்க, போனிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிச் சோதிக்கும். ஆண்ட்ராய்டில் எந்தச் சிம் என்று கேட்டுக்கொண்டு ஆப்பே சத்தமில்லாமல் அனுப்பிவிடும். ஐஓஎஸ்ஸில் எந்த ஆப்பும் நமக்குத் தெரியாமல் எஸ்எம்எஸ் அனுப்ப முடியாது. மெசேஜ் பெட்டி திறக்கும், உள்ளே புரியாத எழுத்துகளாக ஒரு வரி இருக்கும், அனுப்பும் பட்டனை நாம்தான் அழுத்த வேண்டும். எந்தச் சிம்மிலிருந்து என்பதும் ஆப்பின் கையில் இல்லை. என் போனில் முதல் நம்பர் அமெரிக்க நம்பர், அதனால் எஸ்எம்எஸ் டாலஸ் நம்பரிலிருந்து போனது. பேங்க், 'இந்த நம்பர் பதிவில் இல்லை' என்றது. அதற்குள் நேரம் முடிந்து ஆப் முதல் பக்கத்துக்கே போய்விட்டது. திரும்பச் செய்தாலும் அதே கதைதான். வாசலில் உட்கார்ந்திருந்த தங்கை மகன் பார்த்துவிட்டு, "மாமா, அந்த நம்பரை ஆஃப் பண்ணுங்க, அப்புறம் அனுப்புங்க" என்றான். செல்லுலார் பக்கத்தில் அமெரிக்க லைனை அணைத்ததும் ஒரே முயற்சியில் சரியாகிவிட்டது. பிளஸ் டூ படிக்கிறான். அவனிடம் இருப்பது ஆண்ட்ராய்டுதான், ஆனாலும் எங்கே சிக்குகிறது என்று பார்த்தமாத்திரத்தில் பிடித்துவிட்டான்.

லைனை அணைத்ததில் இன்னொரு தொல்லை. ராத்திரி ஆபீஸ் வேலைக்காக உள்ளே போக வேண்டிய கோடு அமெரிக்க நம்பருக்குத்தான் வரும். அதனால் பகலில் கும்பகோணம், ராத்திரியில் டாலஸ் என்று லைனை அணைத்தும் ஏற்றியும் பிழைப்பை ஓட்டினேன்.

அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், பிரிட்டன், வளைகுடா நாடுகள் சில என 10 நாட்டு நம்பர்களை என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கோடு இணைத்து யூபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் யூபிஐயை நடத்தும் என்பிசிஐ அனுமதி கொடுத்தது. கேட்க இனிக்கிறது. ஆனால் அதை ஒவ்வொரு பேங்கும் தனித்தனியாகச் செய்து தர வேண்டும். என் பேங்க் கிளையில் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் பக்கத்து சீட்டைப் பார்த்தார், பக்கத்து சீட்டுக்காரர் மேனேஜர் அறையைப் பார்த்தார். நான் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்தது பட்டா விஷயமாக ஒரு பத்திரத்தை ஏற்ற வேண்டியிருந்தது. மகாமகக் குளம் பக்கம் ஜெராக்ஸும் பிரவுசிங்கும் சேர்ந்த ஒரு சின்னக் கடை. பத்திரத்தை ஏற்கெனவே ஐபோனில் படம் எடுத்து வைத்திருந்தேன். கேபிளைச் சொருகிப் படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய அந்தப் பெண், திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஐபோன் 2017-இலிருந்து படங்களை ஹெச்இஐசி என்ற வடிவத்தில் சேமிக்கிறது. இடம் மிச்சமாகும் என்பது நிஜம். ஆனால் கடையின் பழைய விண்டோஸுக்கு அது என்னவென்றே தெரியவில்லை, அரசுத் தளமும் அதை வாங்காது. நான் செட்டிங்ஸைத் துழாவ ஆரம்பிப்பதற்குள், "அண்ணே, அதெல்லாம் வேணாம், கடை நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. டாக்குமென்டா அனுப்பாதீங்க, போட்டோவா அனுப்புங்க, ஜேபிஜி ஆயிரும்" என்றார். ஆகிவிட்டது. கேட்ட கேபிக்குள் சுருக்கி, ஏற்றி, ரசீதை பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தபோது எனக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஐபோனிலேயே வழி இல்லாமல் இல்லை. கேமரா செட்டிங்ஸில் வடிவத்தை மாற்றிவிட்டால் அதற்கப்புறம் எடுக்கிற படமெல்லாம் ஜேபிஜிதான். ஆனால் அது இருக்கிற இடத்தை யார் தேடிப் போகிறார்கள்?

சுலபமாக முடிந்த ஒரே வேலை அப்பாவின் உயிர்ச்சான்று. ரயில்வே பென்ஷன், வருஷாவருஷம் நவம்பரில் கொடுக்க வேண்டும். போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு ஆண்ட்ராய்டு போன், அதில் ஒயரில் தொங்கும் ரேகைக் கருவி. ரேகை தேய்ந்து போயிருந்ததால் கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து வைக்க வேண்டியிருந்தது. 70 ரூபாய் வாங்கிக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

ஐபேடுக்கு வருகிறேன். அம்மாவிடம் இருப்பது 2018-இல் வந்த மாடல். அது ஐபேட் ஓஎஸ் 17-ஓடு நின்றுவிட்டது, 18 ஏறாது. கால்குலேட்டர் ஆப்பே ஐபேடுக்கு 2024-இல் அந்த 18-ஓடுதான் வந்தது என்பதால் இன்றுவரை அம்மாவின் ஐபேடில் கால்குலேட்டர் கிடையாது. பால் கணக்குக்கு நோட்டும் பேனாவும்தான். வாட்ஸ்அப் 2025 மே மாதம் ஐபேடுக்கு வந்ததும் சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்திருந்தேன். அதுவும் ஒரு போனில் இருக்கிற வாட்ஸ்அப்போடு இணைந்துதான் ஓடும். அந்தப் போனை 14 நாளுக்கு மேல் திறக்காவிட்டால் இணைப்பு அறுந்துவிடும். அம்மாவின் போன் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடக்கும், ஐபேடில் வாட்ஸ்அப் வெளியே போய்விடும், "உன் ஐபேட் ரிப்பேர்" என்று டாலஸுக்குப் போன் வரும்.

அம்மாவின் பெரிய குறை வேறு. பக்கத்து வீட்டு மாமி ஒரு ஆண்ட்ராய்டு டேப் வைத்திருக்கிறார். விலை குறைவு, ஆனால் சிம் போட்டு அதிலேயே போன் பேசுகிறார், ஓடிபியும் அதிலேயே வருகிறது. ஐபேடில் சிம் வசதி உள்ள மாடலை வாங்கினாலும் அந்தச் சிம் நெட்டுக்கு மட்டும்தான், சாதாரண போன் காலும் எஸ்எம்எஸ்ஸும் வேண்டுமென்றால் பக்கத்தில் ஐபோன் இருக்க வேண்டும். "இவ்ளோ பெரிய சாமானுக்குப் பேச வராதா?" என்று அம்மா கேட்டால் என்ன சொல்வது? கம்பெனி இன்னொரு சாமானும் விற்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பாவும் அதே ஐபேடில்தான் பேப்பர் படிக்கிறார். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஆளுக்கொரு தனிக் கணக்கு வைக்கும் வசதி 2012-லேயே வந்துவிட்டது. ஐபேடில் பள்ளிக்கூடம், ஆபீஸ் வாங்கிக் கொடுத்தவற்றுக்குத்தான் அது உண்டு, வீட்டுக்கு இல்லை. அதனால் அம்மாவின் கோலப் படங்களுக்கு நடுவே அப்பாவின் பென்ஷன் ஸ்லிப், அப்பா திறந்து வைத்த செய்திக்கு மேல் அம்மாவின் சீரியல். தினம் ஒரு சண்டை.

ஐஓஎஸ்ஸின் கெடுபிடியை நான் முழுக்கத் திட்டமாட்டேன். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே ஃபைலை, அதாவது ஆண்ட்ராய்டில் ஆப்பை ஏற்றிவிடுகிற ஃபைலை, உறவுக்காரர் ஒருவர் ஆண்ட்ராய்டில் திறந்தார். அது போனுக்குள் உட்கார்ந்து வருகிற ஓடிபியையெல்லாம் படித்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் பண்ணுவதற்குள் கணக்கில் பாதி போய்விட்டது. ஐபோனில் அந்த ஃபைல் திறக்காது, எஸ்எம்எஸ் பெட்டிக்குள் மற்ற ஆப்கள் அப்படி மூக்கை நுழைக்கவும் முடியாது. அதே பூட்டுதான் என் யூபிஐயையும் மறித்தது என்பதால் பூட்டைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எஸ்எம்எஸ் எந்த நம்பரிலிருந்து போக வேண்டும் என்று அந்தப் பெட்டியிலேயே பெரிதாக ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வீட்டு ஐபேடில் இரண்டு பேருக்குக் கணக்கு கொடுப்பதால் எந்தத் திருடன் உள்ளே வந்துவிடுவான்?

புறப்படுவதற்கு முன் நம்பரைத் திரும்பச் சாதாரண சிம்மாக மாற்றி, இங்கேயே ஒரு விலை குறைந்த ஆண்ட்ராய்டில் போட்டுவைக்கலாமா என்று தங்கை மகனிடம் கேட்டேன். மறுபடி ஷோரூம், மறுபடி 24 மணி நேரம் என்றான். ஓடிபிக்காக அந்தப் போனையும் டாலஸுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதையும் அவனே ஞாபகப்படுத்தினான். அந்த யோசனையைக் கைவிட்டேன். அம்மாவுக்கு மட்டும் பொங்கலுக்குள் சிம் போடுகிற ஆண்ட்ராய்டு டேப் ஒன்று வாங்கச் சொல்லித் தங்கைக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், யூபிஐயில்தான். ஐபேடை அப்பா எடுத்துக்கொள்வார். கோலப் படங்களை அதிலிருந்து புது டேபுக்கு மாற்றுகிற வேலை தங்கை மகன் தலையில்.