15 லட்சமா, 13.5 லட்சமா? சென்னையில் கைக்கு வரும் சம்பளக் கணக்கு

கையில் இரண்டு வேலை ஆஃபர்கள். ஒன்று 15 லட்சம் சிடிசி, அதாவது கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை. இன்னொன்று 13.5 லட்சம். இரண்டுமே சென்னையில், ஓஎம்ஆர் பக்கம், ஏறக்குறைய ஒரே வேலை. கேட்டவர்கள் எல்லாரும் 15 லட்சத்தைத்தான் எடுக்கச் சொல்வார்கள். என் ஓட்டு 13.5 லட்சத்துக்கு. மாதச் சம்பளத்தில் வாடகையும் தவணையும் கட்டிக் குடும்பம் நடத்துகிறவர் யாராக இருந்தாலும் அதையே சொல்வேன். இங்கே வரும் எண்கள், வரிச் சட்டப் பிரிவுகள், படிவம் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை.

முதலில் ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்துக்கு, சம்பளத்தைப் பிரித்துக் காட்டும் அந்த அனெக்ஸருக்குப் போங்கள். முன்பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் தொகையை 12-ஆல் வகுத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். இணையத்தில் இருக்கும் சம்பளக் கால்குலேட்டர்களில் பலவும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கின்றன. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) இத்தனை சதவீதம் என்று அவையே வைத்துக்கொண்டு, வேரியபிளையும் (ரேட்டிங்கைப் பொறுத்துக் கூடியோ குறைந்தோ வரும் தொகை) மாதாமாதம் பிரித்துப் போட்டு, அழகான ஒரு எண்ணைக் காட்டிவிடும்.

15 லட்ச ஆஃபரின் அனெக்ஸர் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேரியபிள் 15 சதவீதம், அதாவது 2,25,000. பேசிக் மாதம் 50,000. அதன் முழுத்தொகைக்கும் 12 சதவீதம் வீதம் கம்பெனி கட்டும் பிஎஃப் 72,000. கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டு விலகும்போது தரும் பணிக்கொடை, பேசிக்கில் 4.81 சதவீதம், 28,860. குழுக் காப்பீட்டுக்கு 16,140. இவ்வளவும் கழித்தால் நிலையான மொத்தச் சம்பளம் 11,58,000, மாதம் 96,500. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 6,000 போனால் 90,500. வரிக்கு இன்னும் வரவே இல்லை.

13.5 லட்ச ஆஃபரில் வேரியபிள் கிடையாது. பேசிக் மாதம் 56,250. பிஎஃப் மட்டும் 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் நிற்கிறது, எனவே கம்பெனி பங்கு அதில் 12 சதவீதம், மாதம் 1,800. கிராஜுவிட்டியும் காப்பீடும் சிடிசிக்கு வெளியே. மொத்தச் சம்பளம் 13,28,400, மாதம் 1,10,700. உங்கள் பிஎஃப் 1,800 போக 1,08,900.

கிராஜுவிட்டி பற்றி ஒரு வார்த்தை. நிரந்தர ஊழியருக்கு அது கிடைக்க ஐந்து வருட சர்வீஸ் வேண்டும். மூன்று வருடத்தில் கம்பெனி மாறுவதே வழக்கமாகிவிட்ட துறையில், சிடிசிக்குள் எழுதப்பட்ட அந்த 28,860 ரூபாயைக் கண்ணால் பார்க்காமலே போகிறவர்கள்தான் அதிகம். சிடிசிக்கு வெளியே வைத்தாலும் சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டிய பணம் அது. அதை உள்ளே வைப்பது தொகையைப் பெரிதாகக் காட்டத்தான்.

இனி வரி. இந்த ஒப்பீட்டைத் தீர்மானிப்பதே அதுதான்.

புதிய வருமான வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை, 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 லட்சம் வரை 10, 16 லட்சம் வரை 15, 20 லட்சம் வரை 20, 24 லட்சம் வரை 25, அதற்கு மேல் 30. நிலையான கழிவு 75,000. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவுத் தள்ளுபடியில் வரி முழுதும் கழிந்துவிடும். ஆக, சம்பளம் 12.75 லட்சம் வரை வரி பூஜ்யம். இது எல்லாருக்கும் தெரியும்.

தெரியாதது அந்தக் கோட்டைத் தாண்டிய உடனே நடப்பது. 12 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் தள்ளுபடி கிடையாது. ஒரேயடியாக 60,000 வரி விழாமல் இருக்க, தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது என்று ஒரு சலுகை உண்டு. கேட்க நன்றாக இருக்கும். தாண்டிய தொகை முழுவதும் வரிக்கே போகிறது என்பதுதான் அதன் பொருள். போதாததற்கு அதன் மேல் 4 சதவீதம் செஸ் வேறு. சம்பளம் 12.75 லட்சத்திலிருந்து சுமார் 13.45 லட்சம் வரை உயர்ந்தாலும், கைக்கு வருவது ஒரு ரூபாய்கூட ஏறாது. செஸ்ஸால் கொஞ்சம் இறங்கவே செய்யும்.

இரண்டு ஆஃபர்களும் சரியாக இந்த இடத்தில்தான் வந்து விழுகின்றன.

15 லட்ச ஆஃபரில் வேரியபிள் ஒன்றுமே வரவில்லை என்றால் வரிக்குரிய வருமானம் 10,83,000, வரி இல்லை. பிஎஃப் 72,000, தொழில்வரி 2,500 போக வருடத்துக்குக் கையில் 10,83,500. வேரியபிளில் 60 சதவீதம், அதாவது 1,35,000 வந்தால், வரிக்குரிய வருமானம் 12,18,000. கோட்டைத் தாண்டிய 18,000 அப்படியே வரி, செஸ்ஸுடன் 18,720. கையில் 11,99,780. வேரியபிள் முழுதாக வந்தாலோ வரிக்குரியது 13,08,000, வரி செஸ்ஸுடன் 79,248. கையில் 12,29,252.

கடைசி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 60 சதவீதத்திலிருந்து 100 சதவீதத்துக்கு வேரியபிள் உயர, கம்பெனி கூடுதலாகக் கொடுத்தது 90,000. அதில் 60,528 வரிக்குப் போய், கையில் சேர்ந்தது 29,472 மட்டும். வருடம் முழுக்க முதுகொடிய உழைத்து முதல் தர ரேட்டிங் வாங்கியவருக்கு இதுதான் மிச்சம்.

மாதக் கணக்கில் இன்னொரு குழப்பமும் உண்டு. சில கம்பெனிகள் வேரியபிள் முழுதாக வரும் என்று எடுத்துக்கொண்டு ஏப்ரலிலிருந்தே டிடிஎஸ் (சம்பளத்திலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். மாதம் 6,604 போய்க் கையில் 83,896 வரும். பிறகு வேரியபிள் குறைந்தால், அதிகம் பிடித்தது கடைசி மாதங்களிலோ ரிட்டர்ன் தாக்கல் செய்த பிறகோதான் திரும்பும். வேறு சில கம்பெனிகள் கொடுக்கும் மாதத்தில் மொத்தமாகப் பிடிப்பார்கள். 2,25,000 என்று லெட்டரில் இருக்கும், வங்கியில் 1,45,752 விழும். உங்கள் கம்பெனி எந்த ரகம் என்று எச்ஆரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கூடவே இதையும் கேளுங்கள்: இந்த வருட வேரியபிள் அடுத்த நிதியாண்டில்தான் வருமா, பணம் போடும் நாளில் வேலையில் இருந்தால்தான் உண்டா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் முதல் வருடத்தில் அந்த 2,25,000 இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு குடும்ப பட்ஜெட் போடுவதே நல்லது.

13.5 லட்ச ஆஃபருக்கு வருவோம். வரிக்குரிய வருமானம் 12,53,400. எதுவும் செய்யாமல் விட்டால் வரி 53,400, செஸ்ஸுடன் 55,536. மாதம் கையில் 1,04,272. வேரியபிளே வராத மாதத்தின் 90,500-ஐ விட இது 13,772 அதிகம். இதோடு நிறுத்தினாலே போதும், ஆனால் இன்னும் ஒரு படி இருக்கிறது.

கம்பெனி வழியாகக் கட்டும் என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) தொகைக்கு, 80சிசிடி(2) பிரிவில், பேசிக்கில் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் விலக்கு உண்டு. இங்கே அந்த வரம்பு வருடம் 94,500. அதில் மாதம் 4,450 மட்டும், வருடம் 53,400, சம்பளத்திலிருந்து என்பிஎஸ்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். வரிக்குரிய வருமானம் மிகச் சரியாக 12 லட்சத்தில் வந்து நிற்கும். வரி பூஜ்யம். கையில் மாதம் 1,04,450. அதாவது என்பிஎஸ்ஸில் 53,400 சேர்த்த பிறகும், முன்பு வந்ததை விட மாதம் 178 ரூபாய் கூடுதல். வரிக்குப் போயிருக்க வேண்டிய பணம் உங்கள் ஓய்வூதியக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது.

இதில் சறுக்கும் இடங்கள் உண்டு. நீங்களாக என்பிஎஸ் கட்டினால் புதிய முறையில் விலக்கு இல்லை. கம்பெனி பங்காகவே போக வேண்டும். எல்லாக் கம்பெனிகளும் இந்த வசதியை வைத்திருப்பதில்லை. வைத்திருப்பவர்களிலும் பலர் வருடத் தொடக்கத்தில் ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள். அடுத்து, வங்கி வட்டியை மறந்துவிடக் கூடாது. 12 லட்சத்தில் சரியாக நிறுத்திவிட்டு, டெபாசிட் வட்டி 8,000 வந்தால் அந்த 8,000-மும் வரிக்குப் போகும். சேமிப்புக் கணக்கு வட்டிக்குப் பழைய முறையில் இருந்த கழிவும் இங்கே இல்லை. அதனால் 4,450-க்குப் பதில் 5,300 என்று வைத்தால், வருடத்துக்கு 10,200 ரூபாய் இடைவெளி கிடைக்கும். கையில் 850 குறையும். பங்குச் சந்தையில் குறுகியகால லாபம் பார்த்தால் அதற்குத் தனி 20 சதவீதம், 87ஏ தள்ளுபடி அதைத் தொடாது. என்பிஎஸ் பணத்தை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

15 லட்ச ஆஃபரிலும் என்பிஎஸ் போடலாமே என்று கேட்கலாம். போடலாம். பேசிக் 6 லட்சம் என்பதால் 84,000 வரை. வேரியபிள் முழுதாக வந்தால் வரி 24,960 ஆகக் குறையும். ஆனால் அந்த முடிவை ஏப்ரலில் எடுக்க வேண்டும், வேரியபிள் எவ்வளவு என்பது வருடம் முடிந்த பிறகுதான் தெரியும். வராமல் போனால், வரியே இல்லாத வருமானத்திலிருந்து 84,000-ஐப் பூட்டி வைத்ததாகிவிடும், மாதச் சம்பளமும் 83,500-க்கு இறங்கியிருக்கும். நிலையான சம்பளத்தை வைத்துக் கோட்டுக்குக் கீழே கச்சிதமாக நிறுத்தலாம். ஆடிக்கொண்டே இருக்கும் தொகையை எங்கே நிறுத்துவது?

பிஎஃப் விஷயத்தில் 15 லட்ச ஆஃபருக்கு நியாயம் செய்தாக வேண்டும். அதில் இரு பங்கும் சேர்த்து வருடம் 1,44,000 பிஎஃப் தரப்பில் சேர்கிறது, மற்றதில் 43,200. 2024-25-க்கான வட்டி 8.25 சதவீதம்; அந்த அளவு பாதுகாப்போடு அந்த வட்டி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. கையில் வருவது, பிஎஃப், என்பிஎஸ் எல்லாம் சேர்த்தால் 13.5 லட்ச ஆஃபர் 13,47,500. மற்றது, என்பிஎஸ் இல்லாமல், 60 சதவீத வேரியபிளில் 13,43,780, முழு வேரியபிளில் 13,73,252. ஒன்றரை லட்சம் வித்தியாசம் என்று காட்டிய சிடிசி, எல்லாம் கைகூடி வந்தாலும் 26,000-க்குள் சுருங்கிவிடுகிறது. மாதச் செலவில் நெருக்கடி இல்லாதவர், கையில் இருந்தால் செலவாகிவிடும் என்று பயப்படுகிறவர், பிஎஃப் பெரிதாக இருக்கும் ஆஃபரை எடுப்பதில் தவறே இல்லை.

அவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது ஊதியமாகவே கொள்ளப்படும். கம்பெனிகள் பேசிக்கை உயர்த்த இது ஒரு காரணம். முழு பேசிக்குக்கும் பிஎஃப் பிடிக்கும் இடத்தில், சிடிசி மாறாமல் பேசிக் மட்டும் 50,000-லிருந்து 60,000 ஆனால், உங்கள் பங்கில் 1,200, கம்பெனி பங்கில் 1,200, கிராஜுவிட்டியில் 481 என மாதம் 2,881 ரூபாய் கையிலிருந்து குறையும். 1,800-இல் நிற்கிறவருக்கு பிஎஃப்பில் மாற்றம் இல்லை. உச்சவரம்பு வேண்டும் என்றால் சேரும்போதே எழுதிக் கேளுங்கள். முழு பேசிக்கில் கட்டத் தொடங்கிய பிறகு குறைப்பது பெரும்பாலும் நடக்காது.

பழைய வரிமுறைக்கு அதிக இடம் தேவையில்லை. 13.5 லட்ச ஆஃபரில் மாதம் 25,000 வாடகை, 80சி பிரிவுச் சேமிப்பு முழு 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000 என்று எல்லாவற்றையும் காட்டினாலும் வரி 89,627 வருகிறது. வீட்டுக் கடன் வட்டி 2 லட்சத்தையும் சேர்த்தால் 48,027. என்பிஎஸ்ஸுடன் புதிய முறையில் பூஜ்யம். தொழில்வரி இரண்டு ஆஃபருக்கும் ஒன்றுதான்: அரையாண்டுக்கு 1,250, வருடம் 2,500. மாநகராட்சி எல்லையைத் தாண்டி சிறுசேரியில் அலுவலகம் இருந்தாலும் 2,500-க்கு மேல் போகாது, அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு விதித்த வரம்பு அது. பல கம்பெனிகள் இதை அரையாண்டுக்கு ஒரு முறை மொத்தமாகப் பிடிப்பதால், அந்த மாதச் சம்பளம் மட்டும் குறைந்து வரும்.

இரண்டு ஆஃபரும் 20 லட்சத்துக்கு மேல் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே 12 லட்சக் கோடு பின்னால் போய்விடும், வேரியபிளில் வரி போகப் பெரும்பகுதி கையில் நிற்கும், பெரிய சிடிசியே பெரும்பாலும் ஜெயிக்கும். கம்பெனிப் பங்குகளையும் சேர்த்துத் தரும் ஆஃபருக்கும் இது பொருந்தாது.

எந்த ஆஃபரை எடுத்தாலும், வருட நடுவில் மாறுகிறீர்கள் என்றால் பழைய கம்பெனியின் சம்பளத்தையும் டிடிஎஸ்ஸையும் படிவம் 12பி-யில் புதிய இடத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் நிலையான கழிவு, 4 லட்ச விலக்கு, 87ஏ தள்ளுபடி எல்லாவற்றையும் இரண்டு கம்பெனிகளும் தனித்தனியாகக் கொடுத்து, டிடிஎஸ்ஸே பிடிக்காமல் விட்டுவிடும். புதிய இடத்தில் சேர்ந்ததிலிருந்து மார்ச் வரை கைக்கு வருவது கணக்கை விட அதிகமாகத் தெரியும். ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது மொத்த வரியும் வட்டியோடு கேட்கும். ஜாயினிங் போனஸ் கொடுக்கிறார்கள் என்றால் அதையும் அந்த 12 லட்சத்துக்குள்தான் அடக்க வேண்டும். ஒரு லட்சம் போனஸை ஏப்ரலுக்குத் தள்ளிப் போட முடியுமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுப் பாருங்கள்.