உம்மாவின் மாத்திரையும் என் மாத்திரையும்

நியூஜெர்சியிலிருந்து கீழக்கரை வந்து சேர்ந்த மறுநாள் உம்மாவின் மருந்து டப்பாவைத் திறந்து பார்த்தேன். நான் சர்க்கரைக்குப் போடும் அதே சிடாகிளிப்டின், அதே 100 மில்லிகிராம். பத்து மாத்திரை அட்டை இருநூறு ரூபாய்க்குள்தான். அங்கே இந்த மருந்தின் அசல் பிராண்ட் ஜனுவியா. 2023இல் முப்பது மாத்திரைக்குப் பட்டியல் விலை 527 டாலர், நம் காசில் நாற்பதாயிரத்துக்கும் மேல். வருஷத் தொடக்கத்தில் இன்சூரன்ஸ் டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நாமே செலவழிக்க வேண்டிய தொகை, தீரும்வரை பெரும்பகுதி என் பையிலிருந்துதான் போகும்.

மாத்திரை செய்ய ஆகும் செலவில் இவ்வளவு வித்தியாசம் கிடையாது. இந்தியாவில் இதன் காப்புரிமை 2022 ஜூலையில் முடிந்தது. உடனே பல கம்பெனிகள் தயாரிக்க இறங்க, விலை சரிந்தது. அமெரிக்காவில் அந்தப் பாதுகாப்பு 2026 வரை நீண்டது. காப்புரிமை இருந்த காலத்திலேயே ஜனுவியாவின் கம்பெனி அதை இங்கே மிகக் குறைத்துத்தான் விற்றது. கைக்காசு போட்டு மருந்து வாங்கும் ஊரில் டாலர் விலை சொன்னால் யார் வாங்குவார்கள்?

இன்னொரு காரணம், பேரம் பேச ஆள் இல்லாதது. முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர், மருந்துக் கம்பெனிகளிடம் விலை பேசக் கூடாது என்று 2003இல் அமெரிக்காவில் சட்டமே போட்டார்கள். 2022இல்தான் அதை மாற்றினார்கள். பேசிய பிறகு ஜனுவியாவுக்கு முடிவான மாத விலை 113 டாலர், 2026 ஜனவரியிலிருந்து. 527 எங்கே, 113 எங்கே! அந்தச் சலுகையும் மெடிகேரில் இருப்பவர்களுக்குத்தான், எனக்கில்லை.

இங்கேயும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஏர்வாடியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி குறைந்த விலையில் மருந்து விற்கும் மத்திய அரசுத் திட்டக் கடையான ராமநாதபுரம் மக்கள் மருந்தகத்துக்குப் போனேன். அதே மருந்து, பத்து மாத்திரை நூறு ரூபாய். 2022 செப்டம்பரில் அங்கே அறிமுகமானபோதே அந்த விலைதான். உம்மா மூன்று வருஷமாக அதிகம் கொடுத்து வந்திருக்கிறார். ஊர் மருந்துக்கடைத் தம்பியிடம் கேட்டதற்கு, "காக்கா, சீட்டுல டாக்டர் என்ன பேரு எழுதுறாரோ அதத்தானே குடுக்க முடியும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பிராண்ட் பெயரை மட்டும் எழுதிக் கொடுக்கும் பழக்கம்தான் என்னைக் கோபப்படுத்துகிறது. குறைந்த விலையில் மருந்து இருந்தும், எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது என்று தெரியாதவரிடம் அது போய்ச் சேருவதில்லை.

அடுத்த முறை உம்மா டாக்டரிடம் போனபோது கூடவே போய், மருந்தின் மூலப்பெயரையும் எழுதச் சொன்னேன். தயங்காமல் எழுதினார். பிராண்டை விட்டு, மூலப்பெயரில் விற்கும் ஜெனரிக்குக்கு மாறலாமா என்றதற்குத் தாராளமாக மாறலாம் என்றார். கேட்டதும் கிடைத்துவிட்டது. இத்தனை வருஷம் கேட்காமல் இருந்துவிட்டோமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

சிடாகிளிப்டின் என்று தமிழில் பெரிதாக எழுதி டப்பா மூடியில் ஒட்டினேன். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, மஃரிப் தொழுகைக்குப் பிறகு தன் டப்பாவோடு வந்தார். அவருடையது ஆறு அட்டை. எழுதி முடிக்க இஷா தொழுகை நேரம் ஆகிவிட்டது.