ஏற்காட்டு மலை இறங்கும் ஆம்புலன்சுக்கு எந்த மருந்து ஒத்துவரும்?

சேலம் அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது என்றாலும், பெரிய மாரடைப்பு, பெரிய விபத்து என்றால் சேலத்துக்குத்தான் இறங்கியாக வேண்டும். டவுனிலிருந்து கிளம்பினாலே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், நாகலூர், மாரமங்கலம் பக்கம் என்றால் அதற்கும் மேலே. அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்து, மலையிலிருந்து வருகிறவர்களை ஸ்ட்ரெச்சரில் வாங்குகிற எனக்கு, ஆம்புலன்ஸ் மருந்துகளை ஒப்பிடும்போது எது வீரியமானது என்பது முதல் கேள்வியாகத் தோன்றுவதில்லை. நரம்பு கிடைக்காவிட்டாலும் போட முடியுமா, ஃபிரிட்ஜ் இல்லாமல் தாங்குமா, எத்தனை நிமிடத்தில் வேலை செய்யும், இந்த மூன்றையும்தான் பார்ப்பேன். வளைவுக்கு வளைவு உடம்பு சாய்கிற வண்டியில், பி.பி. இறங்கி நரம்பெல்லாம் சுருங்கிப்போனவருக்கு ஊசி ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று 108-இல் வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கீழே வரும் ஊசி அளவுகளெல்லாம் பயிற்சி பெற்றவர்கள் மருத்துவர் சொல்படி போடுபவை. வீட்டில் நாம் செய்யக்கூடியதை அங்கங்கே தனியாகச் சொல்கிறேன்.

அட்ரினலினா, அவிலா?

சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறிக்கும்போது மலைத்தேனீக் கூடு கலைந்தால் என்ன ஆகும் என்று காப்பித் தோட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பலருக்கு வலியும் வீக்கமும் வந்து போய்விடும். சிலருக்கு மட்டும் சில நிமிடங்களிலேயே உடம்பெல்லாம் தடித்து, குரல் மாறி, தொண்டை அடைத்து, வாந்தி எடுத்து, பி.பி. இறங்கி மயங்கிவிடுவார்கள். இந்த இடத்தில் நம் ஊரில் கை தானாகப் போவது ஒவ்வாமைக்குப் போடும் அவில் ஊசிக்கும், ஸ்டீராய்டு வகையான டெக்ஸாவுக்கும்தான், இல்லையென்றால் இன்னொரு ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு.

அவில் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அதோடு சரி. அடைத்த தொண்டையை அது திறக்காது, இறங்கிய பி.பி.யை ஏற்றாது. ஸ்டீராய்டு வேலை காட்ட சில மணி நேரம் ஆகும், அதற்குள் வண்டி சேலத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கும், உள்ளே இருப்பவர் எப்படி இருப்பார் என்பதுதான் கேள்வி. அட்ரினலின் மட்டும்தான் ரத்தக் குழாய்களை இறுக்கி பி.பி.யைத் தூக்கி, வீக்கத்தை வற்ற வைத்து, மூச்சுக்குழாயையும் விரிக்கிறது, எல்லாம் நிமிடக் கணக்கில். 1 மி.லி. ஆம்பியூலில் 1 மி.கி. இருக்கும், பெரியவர்களுக்கு அதில் பாதி, அதாவது 0.5 மி.கி., தொடையின் நடுப்பகுதியில் வெளிப்பக்கத் தசையில். குழந்தைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மி.கி. 5 நிமிடத்தில் திருப்தியாக இல்லையென்றால் மறுபடியும் போடலாம். நரம்பு தேட வேண்டாம், ஃபிரிட்ஜ் வேண்டாம், வெயிலும் வெளிச்சமும் படாமல் வைத்தால் போதும், விலையும் சொற்பம். எனக்கு இது போட்டியே இல்லை. அவிலும் ஸ்டீராய்டும் அட்ரினலின் போட்ட பிறகு வரட்டும், அதற்குப் பதிலாக வரக்கூடாது.

இருந்தும் அட்ரினலின் என்றால் தயங்குகிறார்கள், "ஹார்ட்டுக்கு ஆகாது" என்கிறார்கள். தசையில் சரியான அளவில் போட்டால் படபடப்பும் கை நடுக்கமும் வந்து சிறிது நேரத்தில் அடங்கிவிடும். உண்மையான ஆபத்து, இதயம் துடித்துக்கொண்டிருப்பவருக்கு முழு ஆம்பியூலை அப்படியே நரம்பில் தள்ளிவிடுவது. அந்த பயத்தைத் தொடை ஊசியின் மேல் போட்டு ஊசியையே தவிர்ப்பது பெரிய அநியாயம். பாம்புக்கடி மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை வந்தாலும் முதலில் எடுக்க வேண்டியது இதே அட்ரினலினைத்தான்.

இன்னொன்று, மருந்துக்குச் சமமாக முக்கியமானது. தேனீ கொட்டி மயக்கம் வருகிறவரை எஸ்டேட்டுக்குள்ளிருந்து ரோடு வரைக்கும் நடத்திக் கூட்டி வராதீர்கள். பி.பி. இறங்கியவரைத் திடீரென்று எழுப்பி நிறுத்தினால் இதயம் நின்றுவிடலாம். படுக்க வைத்து, காலைத் தூக்கி வைத்து, தூளி கட்டியாவது தூக்கி வாருங்கள். மூச்சுத் திணறல் அதிகமென்றால் காலை நீட்டி உட்கார வைக்கலாம்.

இவ்வளவு உயர்த்திப் பேசும் அட்ரினலினுக்கே, இதயம் நின்றுபோனவரிடம் எடுபடுவது குறைவு. பிரிட்டனில் 8,000 பேருக்கு மேல் வைத்து நடந்து 2018-இல் வெளியான பாராமெடிக்-2 ஆய்வில், 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அட்ரினலின் போட்டவர்களில் 3.2 சதவீதம், போடாதவர்களில் 2.4 சதவீதம். மூளை நல்லபடியாக இருந்து வீடு திரும்பியவர்களின் விகிதத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அங்கே முதல் இடம் நெஞ்சை அழுத்தும் கைகளுக்கும் ஷாக் கொடுக்கும் கருவிக்கும்தான், மருந்து அதற்குப் பின்னால்தான்.

வலிப்பு: மிடசோலமா, டயஸிபமா, லோரஸிபமா?

மூன்றுமே ஒரே குடும்பம். நரம்பில் போனால் மூன்றும் நன்றாக வேலை செய்யும், ஆனால் கை கால் வெட்டிக்கொண்டிருப்பவருக்கு, அதுவும் ஓடுகிற வண்டியில், நரம்பில் போடுவது யார்? டயஸிபமைத் தசையில் போட்டால் ஒழுங்காக உறிஞ்சப்படுவதில்லை, ஆசனவாய் வழியாகக் கொடுக்கலாம், குழந்தைகளுக்கு அது உதவியிருக்கிறது, ஆனால் நாலு பேர் நிற்கும் இடத்தில் பெரியவருக்கு அப்படிச் செய்வது எளிதல்ல. லோரஸிபம் குளிரில் இருக்க வேண்டிய மருந்து, சித்திரை வெயிலில் சேலம் ரோட்டில் நிற்கும் வண்டியில் அதை நம்ப முடியாது. மிடசோலம் சாதாரண வெப்பத்தில் இருக்கும், தசையில் போடலாம், மூக்கில் ஸ்ப்ரேயாகவும் அடிக்கலாம்.

இது என் சொந்த விருப்பம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் ஊழியர்களை வைத்தே நடந்து 2012-இல் வெளியான ராம்பார்ட் ஆய்வில், மருத்துவமனை வந்து சேர்வதற்குள் வலிப்பு நின்றிருந்தவர்கள், தசையில் மிடசோலம் போட்டவர்களில் 73.4 சதவீதம், நரம்பில் லோரஸிபம் போட்டவர்களில் 63.4 சதவீதம். லோரஸிபம் உள்ளே போனதும் வேகமாக நிறுத்துகிறது, ஆனால் நரம்பு தேடுவதில் அந்த நேரம் போய்விடுகிறது. அந்த ஆய்வில் பெரியவர்களுக்குத் தசையில் போட்ட மிடசோலத்தின் அளவு 10 மி.கி. மூச்சு மந்தமாகலாம் என்பதால் மாஸ்க்கும் ஆக்சிஜனும் பக்கத்தில் இருந்தாக வேண்டும், அது மூன்றுக்குமே பொருந்தும்.

கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானாகவே நிற்கிறது, அந்த நேரத்தில் சாவியும் கையில் இருக்கிறது, அவ்வளவுதான் தொடர்பு. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், மணியைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் மருந்து போட்டாக வேண்டிய வலிப்பு. ஏற்கனவே வலிப்பு உள்ள பிள்ளைக்கு மருத்துவர் மூக்கு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்திருந்தால் அதை வீட்டு பீரோவில் பூட்டி வைக்காமல் பள்ளிக்கூடப் பைக்குள்ளேயே வையுங்கள், டீச்சரிடமும் சொல்லி வையுங்கள்.

நெஞ்சுவலி: ஆஸ்பிரினா, சார்பிட்ரேட்டா?

வீட்டில் பெரியவருக்கு நெஞ்சு பிடித்தால் முதலில் கேஸ் என்று சோடா, ஓம வாட்டர். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட். வலி சட்டென்று குறைவதால் அதன் மேல் எல்லோருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை. ஆனால் வலி குறைந்தது என்றால் அடைப்பு நீங்கியது என்று அர்த்தமில்லை. அது ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது, கூடவே பி.பி.யையும் இறக்குகிறது. ஏற்கனவே பி.பி. குறைவாக இருப்பவர், இதயத்தின் வலது பக்கமும் பாதிக்கப்பட்டவர், ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரை போட்டு 24 மணி நேரம் ஆகாதவர், அதே வகை டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் ஆகாதவர், இவர்களெல்லாம் அந்த ஒரு மாத்திரையில் சுருண்டு விழலாம். கடைசி இரண்டையும் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள், தயவுசெய்து ஆம்புலன்ஸில் வருபவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பிரின் வலியைக் குறைக்காது, கொடுத்த உடனே ஒன்றும் தெரியாது. ஆனால் உயிரைக் காப்பது அதுதான். 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 மாரடைப்பு நோயாளிகள் இருந்தார்கள். 5 வாரத்துக்குள் இதய, ரத்தக் குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் ஆஸ்பிரின் எடுக்காதவர்களில் 11.8 சதவீதம், எடுத்தவர்களில் 9.4. சில ரூபாய் மாத்திரைக்கு இது அபாரமான வேலை. சுமார் 300 மி.கி., கடித்து மென்று விழுங்க வேண்டும், முழுதாக விழுங்கினால் தாமதமாகும். ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றில் ரத்தக்கசிவு, வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் இழுத்தல் இருந்தால் கொடுக்கக் கூடாது. தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் இரண்டையும் முதல் டோஸாகக் கொடுத்து அனுப்புகிறார்கள், மலைக்கு இதைவிட உருப்படியான ஏற்பாடு இல்லை என்பேன். வீட்டில் ஒன்றைத்தான் வைத்திருக்க முடியும் என்றால் ஆஸ்பிரினை வையுங்கள். சார்பிட்ரேட், பி.பி. பார்த்து மருத்துவர் சொன்னவருக்கு மட்டும்.

மூச்சிரைப்பு, சர்க்கரை இறக்கம்

ஏற்காட்டுப் பனியில் ஆஸ்துமாக்காரர்கள் படும் பாட்டுக்கு சால்புடமால் நெபுலைசர்தான் முதல் மருந்து, கடுமையாக இருந்தால் இப்ரட்ரோபியமும் சேர்த்து. ஸ்பேசர் வைத்து பம்ப் அடித்தாலும் பலருக்கு அதே பலன் கிடைக்கிறது. டெரிஃபிலின் ஊசி பழைய பழக்கம், பலன் தரும் அளவுக்கும் இதயத் துடிப்பைக் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு, நான் அதன் பக்கம் இல்லை. ஸ்டீராய்டை மேலே ஒதுக்கினேன், இங்கே ஒதுக்க மாட்டேன். வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும் என்பதாலேயே ஆஸ்துமாவுக்கு அதை மலை மேலேயே ஆரம்பித்துவிட வேண்டும்.

சர்க்கரை இறங்கி மயங்கியவர் விஷயத்தில் என் அளவுகோல் உதவவில்லை. தசையில் போடும் குளூக்ககான் 1 மி.கி.க்கு நரம்பு தேவையில்லை, ஆனால் விலை அதிகம், எளிதில் கிடைப்பதில்லை, ஈரலில் சேமித்த சர்க்கரையைத்தான் அது வெளியே எடுத்துவிடுகிறது. பட்டினி கிடந்தவருக்கும் நிறைய குடித்தவருக்கும் அந்த இருப்பே இருக்காது. அதனால் சிரமப்பட்டாவது நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ். 25 சதவீதம் 100 மி.லி. போட்டாலும் 10 சதவீதம் 250 மி.லி. போட்டாலும் உள்ளே போவது அதே 25 கிராம், நரம்பைப் புண்ணாக்காத 10 சதவீதத்தை நான் விரும்புவேன். நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு சர்க்கரைத் தண்ணீரே போதும், மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை மறுபடி இறங்கும், எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வண்டியைத் திருப்பி அனுப்பக் கூடாது.

ரத்தப்போக்கு

வளைவில் பைக் சறுக்கி அடிபட்டவரின் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது "பாட்டில் ஏத்தலையா?" என்றுதான். கண்டபடி சலைன் ஏற்றினால் இருக்கும் ரத்தமும் நீர்த்து உறையும் சக்தி குறையும். அந்த இடத்தில் உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், 10 நிமிடத்தில் நரம்பு வழியாக, அதிகம் பயன் தரும். 20,000 பேருக்கு மேல் வைத்து 2010-இல் வந்த கிராஷ்-2 ஆய்வில் இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. முதல் மணி நேரத்தில் போட்டவர்களுக்குத்தான் அதிக பலன், 3 மணி நேரம் தாண்டிப் போட்டால் ரத்தப்போக்கால் இறப்பது கூடியது. மலை இறங்கவே ஒரு மணி நேரம் ஆகிற ஊரில் இதை மேலேயே போட்டு அனுப்ப வேண்டும். அழுத்திக் கட்டுவது அதற்கும் முன்னால்.

பிரசவம் வண்டியிலேயே ஆகிவிட்டால், தாய்க்கு ரத்தப்போக்கு வராமல் தடுக்க, கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில், அல்லது மிசோப்ரோஸ்டால் 600 மைக்ரோகிராம் மாத்திரை. மருந்தாக ஆக்ஸிடோசின்தான் மேல், காய்ச்சல், நடுக்கம் என்ற தொந்தரவும் குறைவு. ஆனால் அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஐஸ் பெட்டி ஒழுங்காக இருக்கிற வண்டியில் ஆக்ஸிடோசின், அது சந்தேகமென்றால் வெயிலில் வீரியம் போன ஊசியைவிட மிசோப்ரோஸ்டால் மாத்திரை. இரட்டைக் குழந்தையில் இரண்டாவது உள்ளே இல்லை என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்த பிறகே இரண்டில் எதையும் கொடுக்க வேண்டும்.