தமிழ் இணையக் கல்விக்கழகம்: எங்கூர்க்காரர் கட்டுன பள்ளிக்கூடம், என்னோட அஞ்சுக்கு அஞ்சு

நெட்டுல தமிழ் சொல்லிக் குடுக்கற இந்த தமிழ் இணையக் கல்விக்கழகத்த ரெண்டு வருசமா யூஸ் பண்ணிட்டு இருக்கேனுங்க, இன்னைக்கு தான் உக்காந்து எழுத நேரம் வந்துச்சு. நான் கரூர்ல ஒரு ஜவுளிக் கம்பெனில ஆர்டர் பாத்துக்கற மெர்ச்சண்டைசர் வேலைங்க, ஷிப்மெண்ட் டைம்ல வீட்டுக்கு வரவே ராத்திரி பத்தாயிரும். அதுக்கப்பறம் தான் அக்கா மக கூட வீடியோ கால். அவ ஜெர்மனில பொறந்த புள்ள, தமிழ் பேசுவா, எழுத வராது. அவளுக்காக தேடுனப்ப தான் இது கெடச்சுது.

என்ன இருக்குன்னு மொதல்ல சொல்லிடறேன். குழந்தைங்களுக்கு மழலைப் பாடம், அப்பறம் சான்றிதழ் படிப்பு அடிப்படை இடைநிலை மேல்நிலைன்னு படிப்படியா, அதுக்கு மேல பட்டயம், தமிழியல் பட்டம் வரைக்கும் போகுதுங்க. வெளிநாட்டுல தொடர்பு மையம் வெச்சிருக்காங்க. பாடம் படிக்க, நூலகம் பாக்க ஒரு பைசா வேண்டாம். சங்க இலக்கியம் உரையோட, நிகண்டுங்கற பழைய காலத்து செய்யுள் அகராதி, சென்னைப் பல்கலைக்கழகத்தோட லெக்சிகன்ங்கற பெரிய அகராதி எல்லாம் ஒரே எடத்துல. 2017 ல மின்நூலகம்னு தனியா ஒண்ணு தொறந்தாங்க, பழைய புத்தகம் இதழ் எல்லாம் அதுல ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க, எடுத்தா கையில பொடிப்பொடியா உதுந்து போற புத்தகத்த எல்லாம் நம்ம வீட்டுல உக்காந்து படிக்கலாம்.

இதுக்குப் பின்னாடி இருந்த மனுசன் யாருன்னு தேடிப் பாத்தப்ப தான் எனக்கு ஆச்சரியமா போச்சு. முனைவர் வா.செ.குழந்தைசாமி, நம்ம கரூர் பக்கம் வாங்கலாம்பாளையத்துக்காரர், 1929 ல பொறந்தவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல துணைவேந்தர், அப்பறம் அண்ணா பல்கலைக்கழகத்துல 1981 ல இருந்து 1990 வரைக்கும் தொடர்ந்து துணைவேந்தர், அதோட நிக்காம டெல்லி போயி, தபால்ல பாடம் அனுப்பி படிக்க வெக்கற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதான் இக்னோ, அதுல 1994 வரைக்கும் துணைவேந்தர். மூணு பல்கலைக்கழகம். ஆனா படிச்சது என்னமோ தண்ணிங்க! அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல நீரியல்ல டாக்டர் பட்டம். ஒரு ஆத்துப்படுகையில மழை பேஞ்சா அதுல எவ்வளவு எப்ப ஆத்துல தண்ணியா வந்து சேரும்னு கணக்குப் போடற ஆராய்ச்சி. வென் டெ சௌங்கற பெரிய நீரியல் அறிஞர் கூட சேந்து 1971 ல அவர் எழுதுன கட்டுரையெல்லாம் நீரியல் பாடப்புத்தகத்துல வருது. குலோத்துங்கன்ங்கற பேர்ல கவிதையும் எழுதுனார், வள்ளுவத்தப் பத்தி எழுதுனதுக்கு 1988 ல சாகித்ய அகாதமி, 1992 ல பத்மஸ்ரீ, 2002 ல பத்மபூஷண்.

இந்த பதவி விருதெல்லாம் விட எனக்குப் பெருசா தெரியறது இக்னோ தானுங்க. ஏன்னா நான் வேலைக்கு போயிட்டே தபால்ல டிகிரி படிச்சவ, இது வேற எடம், பேர் வேண்டாம், பரீட்சை முடிஞ்சு பதினஞ்சு நாள் கழிச்சு தான் எனக்கு புத்தக பார்சல் வந்துச்சு. அழுதேன் அன்னைக்கு. தூரத்துல இருக்கறவனுக்கு பாடம் போயி சேரணும்ங்கறது எவ்வளவு பெரிய வேலைன்னு எனக்கு அப்பவே தெரியும். அத ஒரு நாட்டுக்கே செய்யற எடத்துல நாலு வருசம் தலைமையில இருந்துட்டு வந்தவர் கிட்ட தான், 1999 ல சென்னையில நடந்த தமிழிணைய மாநாட்டுல அறிவிச்ச இந்த வேலையும் வந்து சேந்துச்சு. 2001 பிப்ரவரி 17 ல இதை மொதல்ல தமிழ் இணையப் பல்கலைக்கழகம்ங்கற பேர்ல ஆரம்பிச்சாங்க, நிறுவனத் தலைவர் இவர் தான். அப்ப அவருக்கு 71 வயசு. நம்ம ஊர்ல நெட்னா பிரவுசிங் சென்டர் போயி மணிக்கணக்குல காசு குடுத்த காலம் அது, அப்பவே புள்ளைக பள்ளிக்கூடம் தேடி வர முடியலைனா பள்ளிக்கூடம் புள்ளைகள தேடிப் போகட்டும்னு வேலை பாத்திருக்காங்க.

அவர் சொன்ன எல்லாத்தையும் நான் ஒத்துக்கல. உகர ஊகார எழுத்து வடிவத்த மாத்தி எளிமையாக்கணும்னு ரொம்ப வருசமா சொல்லிட்டு இருந்தார். எனக்கு கு, கூ எல்லாம் இப்ப இருக்கற மாதிரியே இருக்கணும். ஆனா பாப்பா டு, து, பு, மு ன்னு ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒவ்வொரு மாதிரி வளைவு போட்டுப் போட்டு அழிக்கறத பாக்கறப்ப, அவர் எந்த புள்ளைகள நெனச்சு சொன்னார்னு புரியுதுங்க.

போன மாசம் நடந்தத சொல்றேன். தேடல்ல ஆன்பொருநைன்னு போட்டேன், நம்ம அமராவதிக்கு சங்ககாலப் பேர்னு சொல்வாங்கல்ல, அதுக்கு. புறநானூறு 36 ஆவது பாட்டு வந்துச்சு. கிள்ளிவளவன் கருவூர முற்றுகை போட்டு நிக்கறான், ஆலத்தூர் கிழார் அவனுக்கு சொல்ற பாட்டு. அதுல ஆன்பொருநை வெள்ளை மணல்ல பொண்ணுக பொன்னுல செஞ்ச கழங்கு வெச்சு வெளையாடறாங்க. வீடியோ கால்ல பாப்பாவுக்கு படிச்சு காமிச்சேன்.

"சித்தி, கழங்குனா என்னங்க சித்தி?"

நான் உரைய தேடறதுக்குள்ள பக்கத்துல படுத்திருந்த எங்கம்மா எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. "கழச்சிக்கா தான் கண்ணு, மேல எறிஞ்சு பொறங்கையில புடிக்கோணும், அம்முச்சி சின்னப் புள்ளையில இதே ஆத்துல தான் வெளையாடுவேன், மணல் அப்பிடி வெள்ள வெளேர்னு கெடக்கும்"னாங்க. சொல்லிட்டு எலுமிச்சம்பழத்த மேல போட்டு பொறங்கையில ஏந்தியே காட்டிட்டாங்க. பாப்பா அங்க ஒரு ரப்பர எடுத்து போட்டுப் பாக்கறா, கீழ கீழ விழுகுது, சிரிப்பு. இப்ப அந்த ஆத்துல மணல் எங்கிருக்குன்னு அம்மாவும் கேக்கல நானும் சொல்லல.

போன்ல விட கம்ப்யூட்டர்ல பாருங்க, பழைய புத்தகத்துல எழுத்து சின்னதா இருக்கும். சின்னப் புள்ளைகளுக்கு மொதல்ல மழலைப் பாடத்துல பாட்டு மட்டும் போடுங்க, எடுத்த எடுப்புல எழுத வெக்காதீங்க. நம்ம ஊர்ல இருக்கற புள்ளைகளுக்கும் காட்டுங்க, இது வெளிநாட்டுப் புள்ளைகளுக்கு மட்டும்னு நெனச்சுக்காதீங்க.

மே மாசம் அக்கா குடும்பம் வருது. அம்மா யார்கிட்டயோ சொல்லி வேலியில இருந்து கழச்சிக்கா பறிச்சு, ஒடச்சு, கொட்டை அஞ்சு எடுத்து மாத்திரை டப்பாவுல போட்டு வெச்சிருக்காங்க.