பருப்பொருள் சோதனைப் பெட்டி: கண்ணாடி தேறியது, மெழுகு தேறவில்லை

சென்னைப் பாரிமுனையில் ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடைகளில் ‘6 முதல் 9-ஆம் வகுப்பு வரை’ என்று மூடியில் அச்சிட்ட ஒரு பெட்டி கிடைக்கிறது. திண்மம், திரவம், வாயு மூன்றையும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்பது விளம்பரம். விலை 1,250 ரூபாய். கொஞ்சம் வாயைத் திறந்து கேட்டால் 1,100. தயாரிப்பாளர் பெயரை இங்கே சொல்லவில்லை. இதே சாமான், இதே கையேடு, லேபிள் மட்டும் வேறாக இன்னும் சில பெட்டிகளும் வருகின்றன. குறைகளும் அப்படியே கூட வருகின்றன.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். கையேட்டைப் பாதி மட்டும் நம்ப வேண்டும். மெழுகுக்குப் பதில் வேறொன்று வாங்க வேண்டும். சென்னைக் காற்றின் ஈரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டியைத் தயாரித்தவர்கள் அந்த ஈரத்தை நினைத்தே பார்க்கவில்லை.

உள்ளே இருப்பவை: 250 மிலி பீக்கர் இரண்டு, சோதனைக் குழாய் ஆறு, 10 மிலி சிரிஞ்ச் இரண்டு, −10 முதல் 110 டிகிரி வரை காட்டும் சிவப்புத் தெர்மாமீட்டர், ஸ்பிரிட் விளக்கு, முக்காலி, கம்பி வலை, புனல், பீங்கான் கிண்ணம், 50 கிராம் பாரஃபின் மெழுகு, ஒரு பாக்கெட் கற்பூரம், நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு), பொட்டாசியம் பெர்மாங்கனேட், ஒரு சுவர்ப்படம். கண்ணாடிச் சாமானில் குறை சொல்ல முடியாது. சூடு தாங்கும் போரோசிலிக்கேட் கண்ணாடி, அடிப்பக்கம் ஒரே கனம், விளிம்பு நன்றாகத் தீய்த்து மழுக்கப்பட்டிருக்கிறது. பீக்கரை அடுப்பில் ஏற்றும் முன் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்துவிடுங்கள். விளக்குக்கான ஸ்பிரிட்டைத் தனியாக வாங்க வேண்டும். எரியும்போது அதில் ஊற்றவே கூடாது. இன்னொரு சங்கடம், விசிறி ஓடினால் இந்தச் சுடர் நிற்காது; மே மாதம் விசிறியை நிறுத்தினால் மனுஷர் நிற்க முடியாது. பெரும்பாலான சோதனைகளுக்குக் கேஸ் அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் குழாயை இறக்கினாலே போதும்.

தெர்மாமீட்டரில்தான் முதல் தலைவலி. சோதித்த மூன்றில் ஒன்று, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த பீக்கரில் 1 டிகிரியும், கொதிக்கும் நீரில் 97 டிகிரியும் காட்டியது. சென்னை கடல் மட்டத்தில் இருக்கும் ஊர்; இங்கே நீர் ஏறக்குறைய 100 டிகிரியில்தான் கொதிக்கும். 97 வருவதற்குக் கொடைக்கானல் மலைப்பாதையில் பாதி தூரமாவது ஏறியிருக்க வேண்டும். தண்டின் பெரும்பகுதி நீருக்கு வெளியே நிற்பதாலும் இந்த வகைத் தெர்மாமீட்டர் கொஞ்சம் குறைத்துக் காட்டும். தூக்கிப் போட வேண்டாம், கணக்குப் போட்டுத் திருத்தலாம். காட்டும் எண்ணிலிருந்து 1 கழித்து, 100-ஆல் பெருக்கி, 96-ஆல் வகுத்தால் சரியான வெப்பநிலை. 49 காட்டினால் உண்மையில் 50. சிவப்புத் தண்டு நடுவில் அறுந்திருந்தால், குமிழை ஐஸ்–உப்புக் கலவையில் வைத்து, திரவம் முழுவதும் கீழே இறங்கிச் சேரும்வரை காத்திருந்தால் சரியாகிவிடும்.

அந்தக் கலவையிலேயே கையேடு ஒரு தடவை சறுக்குகிறது. மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்கிறது. அது சரிதான், குல்ஃபி வண்டிக்காரர் பானையில் போடுவதும் இதே சங்கதிதான். ஆனால் கலவை −21 டிகிரி வரை போகக்கூடியது. வீட்டில் செய்தாலும் −15-ஐச் சுலபமாகத் தாண்டும். கொடுத்திருக்கும் தெர்மாமீட்டரோ −10-இல் முடிந்துவிடுகிறது. ‘அளவைக் குறித்துக்கொள்க’ என்று எழுதியவர் செய்து பார்த்து எழுதவில்லை. பரல் உப்பு நல்லது. ஐஸைத் துணியில் சுற்றிப் பூரிக்கட்டையால் நொறுக்கிய பிறகு போடுங்கள். பெரிய கட்டியாக இருந்தால் உப்பு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், குளிர் ஏறாது.

ஐஸை உருக்கிக் கொதிக்க வைத்து வரைபடம் போடும் சோதனைக்குக் கையேடு 200 கிராம் ஐஸ் கேட்கிறது. ஸ்பிரிட் விளக்கில் அது விடிந்தாலும் முடியாது. 50 கிராம் எடுங்கள். கையேட்டிலிருக்கும் வரைபடத்தில் 0 டிகிரியில் ஒரு சமதளம், 100 டிகிரியில் ஒரு சமதளம், இரண்டும் ஒரே நீளம். இது தப்பு. ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல். அதே ஒரு கிராம் நீர் 0-விலிருந்து 100-க்கு ஏற 418 ஜூல். அது முழுக்க ஆவியாக 2,257 ஜூல். ஒரே தீயில் வைத்தால் உருக 4 நிமிடம், சூடேற 5 நிமிடம் என்றால், வற்றித் தீர 27 நிமிடம் ஆகும். ரசம் கொதி வந்த பிறகு அதை வற்றவைப்பது எவ்வளவு நேரம் இழுக்கும் என்று சமைப்பவர்களுக்குத் தெரியும்; வரைபடம் போட்டவருக்குத் தெரியவில்லை.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘பீக்கரின் வெளியே ஈரம் தெரிந்தால் கசிவு இருக்கலாம், மாற்றிக்கொள்ளவும்’ என்று ஒரு வரி. சென்னையில் இதை நம்பினால் தினம் ஒரு பீக்கர் மாற்ற வேண்டும். நம் காற்றின் பனிநிலை, அதாவது அதிலிருக்கும் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஆண்டின் பெரும்பகுதி 24, 25 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பும் வேர்க்கும். உள்ளே இருக்கும் ஐஸ் நீரில் ஒரு துளி பெர்மாங்கனேட் போடுங்கள். உள்ளே கத்திரிப்பூ நிறம். வெளியே முதலில் கண்ணாடி மங்கும். பிறகு கடுகளவு முத்துகள் தோன்றும். பக்கத்து முத்தோடு ஒட்டிக்கொண்டு கனம் தாங்காமல் கோடாக வழியும். அந்தக் கோட்டை வெள்ளைத் துணியில் ஒற்றினால் நிறமே இருக்காது. காற்றிலிருந்த வாயு நிலை நீர்தான் அது. இதில் இன்னொரு கணக்கும் உண்டு: இப்படி ஒரு கிராம் ஈரம் படியும்போது வெளியாகும் வெப்பம் ஏழு கிராம் ஐஸை உருக்கப் போதுமானது. சென்னையில் ஐஸ் சீக்கிரம் உருகுவதற்கு வெயிலை மட்டும் திட்டக்கூடாது.

அடுத்தது மெழுகு. உருக்கிய மெழுகை ஆறவிட்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலை குறித்தால் 60 டிகிரியில் கோடு படுத்துவிடும், அதுவே உருகுநிலை என்கிறது கையேடு. படுக்காது. பாரஃபின் மெழுகு பல நீளச் சங்கிலிகள் கொண்ட ஹைட்ரோகார்பன்களின் கலவை. ஒவ்வொன்றும் வேறு வேறு வெப்பநிலையில் உறையும். கோடு சாய்ந்துகொண்டேதான் போகும். பிள்ளை தன் கைதான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும்.

இதற்கு மாற்று கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் இருக்கிறது. தொட்டித் தண்ணீரில் குளோரின் எடுக்கப் போடுவார்களே, ஹைப்போ, அதன் கண்ணாடி போன்ற படிகம். சோடியம் தயோசல்பேட். உருகுநிலை 48 டிகிரி. சோதனைக் குழாயில் 20 கிராம் போட்டு, இரண்டு சொட்டு நீர் விட்டு, தெர்மாமீட்டரையும் முதலிலேயே உள்ளே நிறுத்தி, 65–70 டிகிரி வெந்நீரில் இறக்குங்கள். ஒரு படிகம்கூட மிச்சமில்லாமல் உருக வேண்டும். குழாயின் மேல்சுவரில் ஒட்டியிருக்கும் தூளையும் சாய்த்துக் கரைத்துவிடுங்கள். வாயைப் பஞ்சால் அடைத்து, ஆடாத இடத்தில் வையுங்கள். 48-ஐத் தாண்டி 40, 35 என்று இறங்கும்; உறையாது. அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் வந்ததும் பஞ்சை எடுத்து ஒரே ஒரு படிகத்தைப் போடுங்கள். அது விழுந்த இடத்திலிருந்து ஊசி ஊசியாகக் கிளைத்து, சில நொடிகளில் குழாய் முழுக்க வெள்ளையாகிவிடும். சிவப்புத் தண்டு மளமளவென்று 48-ஐ நோக்கி ஏறி, அங்கே நின்றுவிடும். குழாய் கையில் சுடும். உறையும்போது வெப்பம் வெளியே வரும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பெட்டியும் காட்டாது.

பாதியிலேயே தானாக உறைந்துவிட்டால் எங்கோ ஒரு படிகம் ஒட்டியிருந்தது என்று அர்த்தம், திரும்ப உருக்கலாம். 48-க்கு வெகு கீழேயே நின்றால் நீர் அதிகம் விட்டிருக்கிறீர்கள். நேர்த்தீயில் காட்டாதீர்கள், சிதைந்துவிடும். எலுமிச்சை, வினிகர் எதுவும் பக்கத்தில் வேண்டாம். அமிலம் பட்டால் மூக்கை அடைக்கும் கந்தக வாயு வரும்.

கொடுத்த மெழுகு ஒன்றுக்கு உதவும். குழாயில் உருக்கி உறையவிட்டால் நடுவில் குழி விழும், திண்மமாகும்போது சுருங்குகிறது. தேங்காய் எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அப்படியே. நீர் மட்டும் தலைகீழ்: உறைந்தால் 9 சதவீதம் பெருக்கும். இதைக் காட்ட ‘சோதனைக் குழாயை விளிம்பு வரை நிரப்பி, அடைத்து, ஃப்ரீசரில் வைக்கவும்’ என்கிறது கையேடு. தயவுசெய்து வைக்காதீர்கள், குழாய் வெடிக்கும். சிரிஞ்சில் 8 மிலி நீர் எடுத்து, நுனியை அடைத்து, நிமிர்த்தி வையுங்கள். காலையில் பிஸ்டன் 8.7 கோட்டருகே தள்ளப்பட்டிருக்கும்.

பெட்டியில் உருப்படியாகச் சிந்தித்து வைத்தது சிரிஞ்ச்தான். நுனியை விரலால் அடைத்து 10 மிலி காற்றை 5 மிலிக்கு அழுத்த, பெரியவர் கட்டைவிரலுக்கே இரண்டு கிலோ எடை அளவுக்குத் தள்ள வேண்டும். அதே இடத்தில் நீர் இருந்தால் அசையாது. அசைந்தால் உள்ளே குமிழி இருக்கிறது. நுனியை மேலே பிடித்துத் தட்டி வெளியேற்றுங்கள். கையேட்டில் இல்லாத ஒன்றையும் செய்யுங்கள். 70 டிகிரி வெந்நீர் 3 மிலி எடுத்து, குமிழியில்லாமல் நுனியை ரப்பர் மூடியால் அடைத்து, பிஸ்டனைப் பின்னால் இழுத்தால் நீர் பொங்கிக் கொதிக்கும். 70 டிகிரியில் நீராவியின் அழுத்தம் வளிமண்டலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வெளி அழுத்தத்தை அதற்குக் கீழே இறக்கிவிட்டால் கொதிக்கத்தான் வேண்டும்.

கற்பூரத்தைக் கிண்ணத்தில் வைத்து, தலைகீழ்ப் புனலால் மூடி, புனல் வாயில் பஞ்சடைத்து, கீழே தீ காட்டச் சொல்கிறார்கள். கற்பூர ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும். கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, புனலின் மேல் ஈரத்துணி போடுங்கள். சிறிது நேரத்தில் உள்சுவரில் பனி போல வெள்ளைப் படலம் படியும். சென்னைச் சூட்டில் ஈரத்துணி இல்லாவிட்டால் படலம் ஒழுங்காக ஒட்டாது. மிச்சத்தை இறுக்கமான டப்பாவில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்; வாயில் போட்டால் விஷம். கூடவே மிளகு போட்டால் கரையாது என்று வீடுகளில் சொல்வதுண்டு. வேலை செய்வது மூடிதான்.

நவச்சாரத்தை வீட்டில் விட்டுவிடலாம். சூடாக்கினால் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, குளிர்ந்த இடத்தில் மறுபடி சேர்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது எழும் வெள்ளைப் புகை நெடி நினைவிருப்பவர்கள் சமையலறைக்குள் அதைக் கொண்டுவர மாட்டார்கள்.

சுவர்ப்படத்தை மாட்ட வேண்டாம். மெழுகுவர்த்திச் சுடரைப் பிளாஸ்மாவுக்கு (அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் வாயு) உதாரணமாகப் போட்டிருக்கிறார்கள். எரியும் டியூப்லைட்டின் உட்புறம் நல்ல உதாரணம். எல்லாப் பொருளும் −273-ஐ நெருங்கினால் போஸ்–ஐன்ஸ்டைன் நிலைக்கு (அணுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே அணுபோல நடந்துகொள்ளும் நிலை) போகும் என்பதும் சரியல்ல. 1995-இல் ரூபிடியம் அணுக்களின் மிக மெல்லிய வாயுவில்தான் அதை முதலில் உண்டாக்கினார்கள். ஹீலியமோ சாதாரண அழுத்தத்தில் திண்மமாகக்கூட ஆவதில்லை.

பெட்டியில் இல்லாத, சென்னைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டிய ஒரு சோதனை உண்டு. ஒரே அளவு ஐஸ் கட்டி இரண்டு. ஒன்று தட்டில், இன்னொன்று மரத்தூளுக்குள். மெரினாவில் இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமிக்கக் கட்டியது. அந்த ஐஸ் கடல் தாண்டி வந்ததற்கு மரத்தூள் ஒரு முக்கியக் காரணம்.

குமிழில் ஈரப்பஞ்சு சுற்றி ஆவியாதலைக் காட்டும் சோதனைக்கு 10 டிகிரி இறங்கும் என்று போட்டிருக்கிறது. ஈரமான கடல்காற்று வந்த பிறகு செய்தால் மூன்று, நான்குதான் இறங்கும். மே மாதம் முற்பகலில், வறண்ட மேற்குக் காற்று அடிக்கும்போது செய்யுங்கள், பத்தை எட்டலாம். வேலூரில் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்க, இங்கே வெதுவெதுப்பு மட்டும் போவதும் இதனால்தான்.

கடையில் பணம் கொடுக்கும் முன் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஐந்தாறு தெர்மாமீட்டரை மேசையில் வரிசையாகப் படுக்கவைத்து, சில நிமிடம் கழித்துப் பாருங்கள். பெரும்பான்மை காட்டும் எண்ணோடு ஒத்துப்போகும், தண்டு அறுபடாத ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். கேட்டால் மாற்றித் தருகிறார்கள். நவச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்து, அதற்குப் பதில் சிரிஞ்சுக்கு ரப்பர் மூடி இரண்டு கேளுங்கள். பெட்டியில் அது ஒன்றுகூட இல்லை.